காட்டுச் சாலையும் காரின் டிக்கியும்

பண்ணாரி அம்மன் கோவிலைத் தாண்டினால் கோவை–பெங்களூரு நெடுஞ்சாலை காட்டுக்குள் ஏறத் தொடங்கிவிடுகிறது. திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள். அப்புறம் ஆசனூர், காரப்பள்ளம், கர்நாடக எல்லை. தெற்கே ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறினால் 40 வளைவுகள். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு 36. கொங்கு நாட்டில் கார் உள்ள குடும்பங்களில் பெரும்பாலானவை கோவிலுக்கோ கல்யாணத்துக்கோ சுற்றுலாவுக்கோ இவற்றில் ஒன்றில் ஏறி இறங்கியிருக்கும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் டிக்கியில் என்ன எடுத்து வைப்பது என்ற பேச்சு வரும். அப்போது ஆளாளுக்குச் சொல்லும் யோசனைகளில் பாதி அந்தக்கால வேட்டைக்காரர்களிடமிருந்து வந்தவை. மீதி லாரிப் பட்டறைகளில் பிறந்தவை. இரண்டிலும் இன்றைக்கு ஒத்துவராதவை நிறைய உண்டு, ஆபத்தானவையும் உண்டு.

"காட்டுக்குள்ள போறீங்க. ஒரு வெட்டுக்கத்தி, தீப்பெட்டி, நாலு வெடி வண்டியில இருக்கோணும்" என்பது முதல் நம்பிக்கை.

இது எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை. நீலகிரியில் வேட்டைக்காரர்களின் சங்கம் 1877லேயே தொடங்கியது. பெங்களூரில் வாழ்ந்த வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் தன் ஸ்டூடிபேக்கர் காரில் திம்பம் காடுகளுக்கு வந்து போனதை எழுதி வைத்திருக்கிறார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பழைய ராணுவ ஜீப்புகள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கின. இரவில் ஸ்பாட்லைட் அடித்து, வண்டியிலிருந்தபடியே சுடும் பழக்கம் நாடெங்கும் விலங்குகளைக் கொன்று குவித்தது. அப்போது காட்டுக்குள் போன வண்டி ஒரு நடமாடும் முகாம். இறங்குவதற்கும் தங்குவதற்கும் தீ மூட்டுவதற்கும் வேண்டியதெல்லாம் அதில் இருந்தது.

1972இல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், வேட்டை உரிம முறையையே எடுத்துவிட்ட 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் அந்தக் காலத்தை முடித்து வைத்தன. முயலும் காட்டுப்பன்றியும்கூட அந்தச் சட்டத்தின் அட்டவணைக்குள் வருகின்றன. சரணாலயத்துக்குள் முன் அனுமதி இல்லாமல் ஆயுதத்துடன் நுழையக் கூடாது என்கிறது 31ஆவது பிரிவு. ஆயுதம் என்றால் துப்பாக்கி மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். கத்தி, வலை, கண்ணி, கொக்கி, வெடிபொருள் எல்லாமே சட்டத்தின் வரையறையில் ஆயுதங்கள்தாம். பன்றிக்கு வைக்கும் வெடித்தீனியான அவுட்டுக்காயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதைக் கடித்து வாய் சிதைந்த யானைகள் பட்டினியில் சாவதைக் கோவை வனக்கோட்டம் கண்டிருக்கிறது. வேட்டைக்குப் பயன்பட்டது என்று நிரூபணமானால், பிடிபட்ட வண்டி அரசின் சொத்தாகிவிடும்.

சட்டம் இருக்கட்டும், வெடி வேலையாவது செய்யுமா? செய்யாது. திடீர்ச் சத்தத்தில் மிரண்ட யானை எந்தப் பக்கம் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒருபுறம் மலை, மறுபுறம் பள்ளம் என்றிருக்கும் சாலையில் அது வண்டியைப் பார்த்தே வரலாம். ஹாரனும் ஹைபீம் வெளிச்சமும் இதே தவறுதான். தூரத்திலேயே நிறுத்த வேண்டும், கீழே இறங்கக் கூடாது, யானை முன்னால் வந்தால் மெல்லப் பின்னால் எடுக்க வேண்டும். இதற்கு டிக்கியிலிருந்து ஒரு பொருளும் தேவையில்லை. பொறுமையும் ரிவர்ஸ் கியரும் போதும்.

விலங்குகளுக்குப் பழம், பிஸ்கட் கொண்டுபோய்ப் போடுவதைப் புண்ணியம் என்று நினைப்பவர்களும் உண்டு. காரப்பள்ளம், ஆசனூர் பக்கம் கரும்பு லாரிகளை யானைகள் வழிமறித்து நிற்பதைப் பல பேர் வீடியோவில் பார்த்து ரசித்திருப்பார்கள். லாரிகளிலிருந்து சிந்தியதும் வீசியதுமான கரும்பு கற்றுக்கொடுத்த பழக்கம் அது. சாலையோரம் தீனி கிடைக்கும் என்று பழகிய யானை, அடுத்து வரும் காரையும் அதே கண்ணோடுதான் பார்க்கும். வால்பாறை புதுத்தோட்டம் பகுதியில் சாலையைக் கடக்கும் சிங்கவால் குரங்குகளுக்கு வீசும் ஒவ்வொரு வாழைப்பழமும் அவற்றைச் சக்கரத்தை நோக்கி இழுக்கிறது. சாப்பாட்டுப் பையை டிக்கிக்குள் வைத்துப் பூட்டுவதே அவற்றுக்குச் செய்யும் நன்மை.

இனி, இருக்க வேண்டியவை.

"ஸ்டெப்னி இருக்குதுங்க, அப்புறம் என்னங்க பயம்?" இதுதான் எல்லாவற்றையும்விடப் பரவலான நம்பிக்கை. இதைத்தான் முதலில் சரிபார்க்கவும் வேண்டும். டயர் ஓடாமல் கிடந்தாலும் மாதத்துக்கு 1 முதல் 2 பிஎஸ்ஐ காற்று தானாகவே குறையும். வாங்கியபோது 33 இருந்த ஸ்டெப்னி, ஒரு வருடம் தொடாமல் கிடந்தால் நம்பி ஓட்ட முடியாத நிலைக்கு வந்துவிடும். நான்கு சக்கரத்துக்கும் காற்று பிடிக்கிறவர்கள் ஐந்தாவதை நினைப்பதில்லை, ஏனென்றால் அது டிக்கியில் பைகளுக்கு அடியில் கிடக்கிறது. ரப்பருக்கு வயதும் உண்டு. டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சிட்டிருப்பார்கள்; 2319 என்றிருந்தால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயவே இல்லை, புதுசு மாதிரி இருக்கிறது என்று பத்து வருட ஸ்டெப்னியை நம்பி மலை ஏறுவது கூடவே கூடாது.

ஸ்டெப்னியே இல்லாத வண்டிகளும் வந்துவிட்டன. டயர் காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும் ட்யூப்லெஸ் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020இல் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. சிஎன்ஜி பொருத்திய சில கார்களில் ஸ்டெப்னியின் இடத்தைச் சிலிண்டர் பிடித்துக்கொண்டது. நகரத்தில் இது பெரிய குறையில்லை, அரை கிலோமீட்டரில் ஒரு பஞ்சர் கடை இருக்கும். மலைச்சாலையில் கணக்கே வேறு. பஞ்சர் கிட்டில் உள்ள ரப்பர் திரியால், தரையில் படும் பகுதியில் ஆணி குத்திய ஓட்டையை மட்டுமே அடைக்க முடியும். வளைவில் ஒதுங்கும்போது கல் கிழிப்பதோ பெரும்பாலும் பக்கவாட்டை. அந்தக் கிழிசலுக்குத் திரியும் உதவாது, பசையும் உதவாது. ஆகவே மலைக்குப் போகும் நாளிலாவது முழு அளவு ஸ்டெப்னி ஒன்று வண்டியில் ஏற வேண்டும். பை ஒன்றைக் குறைத்தாலும் பரவாயில்லை.

அதைக் கழற்றி மாட்டுவது அடுத்த சிக்கல். டயர் கடைகளில் காற்றுத் துப்பாக்கியால் நட்டை இறுக்கிவிடுகிறார்கள். கம்பெனி கொடுத்த சிறிய வீல் ஸ்பேனரால் அதைத் திறக்கச் சில நேரம் இரண்டு பேர் ஏறி மிதித்தாலும் முடியாது. ஸ்பேனர் கைப்பிடியில் செருகுகிற மாதிரி இரண்டடி இரும்புக் குழாய் ஒன்று போதும், ஒரு ஆளே திறந்துவிடலாம். அலாய் வீலுக்குப் பூட்டு நட்டு போட்டிருந்தால் அதன் சாவி வீட்டு அலமாரியில் இல்லாமல் வண்டியில் இருக்க வேண்டும். வாசலில் ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பார்த்தால் இந்தக் குறைகள் எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

சரிவில் ஜாக்கி போடுமுன் சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுக்கிறோம், சரிதான். வண்டி கிளம்பியபின் அந்தக் கல் என்ன ஆகிறது? பல சமயம் சாலை நடுவிலேயே கிடக்கிறது. இரவில் பின்னால் பைக்கில் வருபவரின் கண்ணுக்கு அது தெரியாது. இது மன்னிக்க முடியாத அசட்டை. மரத்திலோ ரப்பரிலோ செய்த இரண்டு முட்டுக்கட்டைகளை டிக்கியில் வைத்திருந்தால், நம் பொருள் என்பதற்காகவாவது எடுத்துக்கொண்டு கிளம்புவோம்.

பழுதான வண்டிக்குப் பின்னால் மரக்கிளை ஒடித்துப் போட்டால் போதும் என்ற நம்பிக்கையும் இதே வகைதான். இலைக்கு ஒளியைத் திருப்பி அனுப்பும் தன்மை கிடையாது. காப்புக்காட்டில் கிளை ஒடிப்பதும் குற்றம். சிவப்பு முக்கோணப் பலகை புது கார்களோடேயே வருகிறது, பலர் அதன் உறையைக்கூடப் பிரிப்பதில்லை. மலையில் அதை வண்டியின் காலடியில் வைத்துப் பயனில்லை. வளைவுக்கு முன்னாலேயே தெரிய வேண்டும். யானை நடமாடும் இடத்தில் அவ்வளவு தூரம் நடக்க முடியாதபோது, கூட ஒருவர் டார்ச்சோடு நின்று பார்த்துக்கொள்ள, கண்ணுக்கு எட்டிய தூரத்துக்குள் வைத்துவிட்டு வண்டிக்குத் திரும்பிவிட வேண்டும்.

ஏற்றத்தில் இன்ஜின் கொதித்தால் "மூடியைத் திறந்து பச்சைத் தண்ணி ஊத்து" என்று சொல்ல எப்போதும் ஒருவர் இருப்பார். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைத் தக்கவைப்பதால், தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டி, ஏறக்குறைய 120 வரைகூடக் கொதிக்காமல் நிற்கிறது. மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் விடுபட்டு அது ஆவியாகப் பீய்ச்சி அடிக்கும். முகமும் கையும் வெந்துபோகும். காய்ந்த இன்ஜினில் குளிர்ந்த நீர் பட்டால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடவும் கூடும். பானெட்டைத் தூக்கிவிட்டு அரை மணி நேரமாவது ஆற விடுவதே வைத்தியம். அதன்பிறகு ஊற்றுவதற்குத்தான் கூலன்ட் கலந்த தண்ணீர் ஒரு கேனில் வேண்டும். ஆறும்வரை வண்டிக்குள் உட்கார்ந்திருப்பது நல்லது.

கேன் என்றதும் பெட்ரோல் நினைவுக்கு வரும். கைக்காவலாக ஐந்து லிட்டர் பிடித்து வைப்பதை முன்யோசனை என்று நினைக்கிறார்கள். சித்திரை வெயிலில் மூடிய டிக்கிக்குள் பிளாஸ்டிக் கேன் உப்பி, ஆவி கசிந்து, குழந்தைகள் உட்காரும் பின்சீட்டு வரை பரவும். ஒரு பொறி போதும். சத்தியமங்கலத்திலோ பொள்ளாச்சியிலோ டேங்கை நிரப்பிக்கொண்டு ஏறினால் இந்தக் கேனுக்கு வேலையே இல்லை.

பேட்டரி இறங்கினால் "தள்ளி ஸ்டார்ட் பண்ணிக்கலாம்" என்பது பழைய அம்பாசடர் நாளின் தைரியம். ஆட்டோமேடிக் வண்டிகளுக்கு அது பலிக்காது. ஜம்பர் கேபிள் ஒரு ஜோடி அதிக இடம் பிடிக்காது. கடைசி கருப்புக் கிளிப்பை இறங்கிய பேட்டரியில் மாட்டாமல், இன்ஜினின் வெறும் இரும்பில் மாட்ட வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு தீப்பொறியில் பற்றிக்கொள்ளும்.

டிக்கியிலுள்ள கயிறு வண்டியை இழுக்க மட்டுமே. பாம்பு கடித்த காலில் அதை இறுக்கிக் கட்டுவதும், கத்தியால் கீறி உறிஞ்சுவதும் இன்றைக்கும் நம்மூரில் நடக்கிறது. கட்டினால் ரத்த ஓட்டம் நின்று கால் அழுகலாம். கீறினால் ரத்தம் நிற்காமல் போகலாம். விஷம் வெளியே வராது. கடிபட்டவரை நடக்க விடாமல், காலை அசைக்காமல் படுக்க வைத்து, விஷமுறிவு மருந்துள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது ஒன்றே வழி.

"போன் இருக்குது, கூப்பிட்டுக்கலாம்" என்பதில் பாதி உண்மை உண்டு. நம் கம்பெனியின் சிக்னல் இல்லாத இடத்திலும் 112க்கு அழைத்தால், வேறு கம்பெனியின் கோபுரம் எட்டினால் அழைப்பு போகும். எந்தக் கோபுரமும் எட்டாத வளைவுகளும் இருக்கின்றன. அங்கே எதிரே இறங்கும் பஸ் டிரைவரிடம் சோதனைச்சாவடியில் சொல்லச் சொல்வதுதான் கைகொடுக்கும். வால்பாறையில் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு நிறுவிய முன்னெச்சரிக்கை முறையில், யானை அருகில் இருந்தால் உயரத்தில் சிவப்பு விளக்கு எரியும், செல்போனுக்குக் குறுஞ்செய்தி போகும். வெளியூர்க்காரர் அந்த விளக்கின் பொருளைத் தெரிந்துவைத்திருப்பது ஒரு டார்ச்சுக்குச் சமம்.

நம் வண்டி நன்றாக இருந்தாலும் மாட்டிக்கொள்ளலாம். திம்பத்தில் பாரம் ஏற்றிய லாரி ஒன்று வளைவில் நின்றுவிட்டால், மேலேயும் கீழேயும் மணிக்கணக்கில் வரிசை நிற்கும். அப்போது குடிதண்ணீர், புளிச்சோறு, வேளை தவறக்கூடாத சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள், குழந்தைக்கு ஒரு போர்வை ஆகியவைதான் உண்மையான கைக்காவல் சாமான்கள். தண்ணீரைப் பாட்டில் பெட்டியாக வாங்கிப் போட வேண்டாம். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால் சாவடியிலேயே பறிபோகும். வீட்டு எவர்சில்வர் போசியும் கூஜாவும் தாராளமாகப் போதும்.

திம்பம் சாலையில் உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 பிப்ரவரியிலிருந்து இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. பந்திப்பூர் வழியில் இரவு 9 மணி முதல் காலை 6 வரை வண்டிகளுக்கு 2009 முதலே தடை. சாவடி மூடும் நேரத்துக்கு அரை மணி முன்னால் ஏறத் தொடங்குகிறவருக்கு, ஒரு பஞ்சர் என்றாலும் நடுக்காட்டில் இருட்டிவிடும். அதனால் ஏறும் நேரத்தையும் சாமான் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது: பண்ணாரியில் அம்மனைக் கும்பிட்டுவிட்டு, ஸ்டெப்னிக்குக் காற்று பார்த்து, மதியத்துக்குள் ஏறிவிடலாம். வழியில் ஸ்டெப்னி மாற்றியிருந்தால், கிழிந்த டயரை ஊர் திரும்பியபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், இறங்கும் ஊரின் முதல் டயர் கடையிலேயே சரி செய்துகொள்ள வேண்டும். வந்த வழியே திரும்பி இறங்கும்போதும் அதே 27 வளைவுகள் இருக்கின்றன.