பழைய ஜீப்பைப் புதுக்குதல்

பொறிகள் இருவகையாற் கேடுறும். உழைப்பினால் தேய்வது ஒன்று. ஓய்வினால் துருவேறுவது மற்றொன்று. கொட்டகையிற் பல்லாண்டு நின்ற பழைய ஜீப் வண்டி இவ்விருவகைக் கேட்டிற்கும் ஆளாகியிருக்கும். எனினும், பொறுமையும் ஒழுங்கும் உடையார் தம் வீட்டிலேயே, ஓய்வு நாள்களில், சிறிது சிறிதாக அதனைச் செப்பஞ்செய்து, முன்னிருந்ததினும் நல்ல நிலைக்குக் கொணர்தல் கூடும். அவ்வேலைக்குக் கைத்திறனினும் வேண்டற்பாலது வரிசை. எதனை முன்னும் எதனைப் பின்னும் செய்தல் தகும் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

வண்டியின் வரலாறு

ஜீப், போரின்பொருட்டுப் பிறந்த வண்டி. 1940ஆம் ஆண்டில் அமெரிக்கப் படைத்துறையினர், நான்கு சக்கரங்களும் எஞ்சினால் உந்தப்பெறும் இலேசான வண்டியொன்றை நாடினர். பான்டம் என்னும் சிறு கம்பெனி முதல் மாதிரியைச் செய்து, அவ்வாண்டு செப்டம்பர் 23ஆம் நாள் ஒப்படைத்தது. பின்னர் வில்லிஸ், ஃபோர்டு என்னும் இரு கம்பெனிகளும் போர் முடிவதற்குள் ஆறு லட்சத்திற்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. 1945இல் குடிமக்களுக்கென்று சி.ஜே. 2ஏ வகையும், 1953இல் உயர்ந்த முகப்பினையுடைய சி.ஜே. 3பி வகையும் வெளிவந்தன. நம் நாட்டில் மகிந்திரா கம்பெனியார் 1947இல் பம்பாயில் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கி, பின்னர் சி.ஜே. 3பி வகையை உரிமம் பெற்று நெடுங்காலம் செய்துவந்தனர். போடிநாயக்கனூர்ப் பக்கத்திலிருந்து இடுக்கி மலைகளின் ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளரை ஏற்றிச்செல்வன பெரும்பாலும் ஜீப்புகளே. ஆதலின் இவ்வண்டியைச் செப்பஞ்செய்தல் வெறும் பொழுதுபோக்கன்று. பலருடைய உயிர் அதனைச் சார்ந்து நிற்றல் கூடும்.

முதலாவது ஆய்வு

ஓர் உறுப்பையேனும் கழற்றுமுன் ஒரு குறிப்புப் புத்தகத்தைத் தொடங்குக. வண்டியின் ஒவ்வொரு குறையையும், அதனைக் கண்ட நாளையும் அதில் எழுதுக. பிறகு சேஸிஸ் என்னும் அடிச்சட்டத்தைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க. நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். துரு அரித்த இடம் மழுங்கிய ஓசை தரும். ஸ்பிரிங் பட்டைகள் சட்டத்தோடு சேருமிடங்களிலும், சேறு தங்கும் மூலைகளிலும் துரு மிகுதி. சட்டம் உளுத்ததாயின், பிற வேலைகளெல்லாம் அடித்தளம் இல்லாச் சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவதை ஒக்கும்.

ஈண்டுச் சில எச்சரிக்கைகள் இன்றியமையாதன. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழே ஒருபோதும் நுழையலாகாது. சமதரையில் நிறுத்தி, எதிர்ப்பக்கத்துச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியின் எடையை உறுதியான இரும்புத் தாங்கிகளின்மேல் இறக்கிய பின்னரே கீழே புகவேண்டும். ஜீப்பில் பெட்ரோல் தொட்டி ஓட்டுநர் இருக்கையின் கீழே உள்ளது. ஆதலின் பற்றவைக்கும் வேலைக்கு முன் அதனைக் கழற்றி வெகுதூரம் அகற்றுக. பழைய பிரேக் ஷூக்களின் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருத்தல் கூடும். அதனை ஊதாமல் ஈரத் துணியால் துடைத்தெடுக்க.

நிறுத்தும் உறுப்புகள்

புதியராய் இவ்வேலையிற் புகுவோர் முதலில் எஞ்சினை உறுமச் செய்யவே விரும்புவர். அஃது இயல்பே; ஆயினும் முறையன்று. ஓடாத வண்டி ஒருவருக்கும் தீங்கு செய்யாது. ஓடி நிற்காத வண்டியே கொல்லும். ஆதலின் பிரேக்கே முதல் வேலை.

மலையிறக்கத்தில் பிரேக் சுமக்கும் பாரத்தை ஒரு கணக்கால் அறியலாம். ஆட்களோடு 1500 கிலோகிராம் எடையுள்ள ஜீப் செங்குத்தளவில் 100 மீட்டர் இறங்குமாயின், அது விடும் ஆற்றல் ஏறத்தாழ 14.7 லட்சம் ஜூல். இது நாலரை லிட்டர்த் தண்ணீரைக் கொதிக்கச்செய்யப் போதுமானது. எஞ்சினும் காற்றும் தாங்கியது போக எஞ்சிய வெப்பமெல்லாம் பிரேக் டிரம்களையே சேரும். தாழ்ந்த கியரில் இறங்குக என முதியோர் கூறுவது இதனாலேயே.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. டாட் 3 என்னும் வகை புதிதாயிருக்கும்போது 205 பாகை செல்சியசுக்குக் கீழ்க் கொதிக்கலாகாது என்பது விதி; ஈரம் ஏறிய நிலையில் அவ்வெல்லை 140 பாகையாகக் குறைகின்றது. கொதித்தால் குழாயில் ஆவி நிறையும். ஆவி எளிதில் அமுங்குமாதலின், மிதி தரையைத் தொட்டும் வண்டி நில்லாது. ஆதலின் பழைய எண்ணெயை முழுதும் நீக்கிப் புதியது வார்த்து, இரண்டாண்டுக்கொருமுறை மாற்றுதல் நலம். அத்துடன் ரப்பர்க் குழாய்களையும் வீல் சிலிண்டர்களையும் புதுக்குக.

பழைய ஜீப்புகளில் நான்கு சக்கரங்களின் பிரேக்கிற்கும் ஒரே வழியாகவே எண்ணெய் செல்லும். ஒரு சக்கரத்தில் ஒழுகினும் நான்கும் செயலறும். முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் வெவ்வேறு அறைகளையுடைய இரட்டை மாஸ்டர் சிலிண்டரைத் தக்கவாறு பொருத்துவித்தல், நாம் செய்யத்தகும் மேம்பாடுகளுள் தலைசிறந்தது. ஒன்று போயினும் மற்றொன்று காக்கும்.

திருப்பும் உறுப்புகள்

அடுத்தது ஸ்டியரிங். எஞ்சினை நிறுத்தி, சக்கரங்களைத் தரையில் வைத்து, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிது அசைக்க, மற்றொருவர் முன்னிருந்து ஒவ்வொரு மூட்டாக நோக்குக. எம்மூட்டில் கை அசைவு வந்து அடுத்த மூட்டிற்குச் செல்லாது நிற்கின்றதோ, அதுவே தேய்ந்தது. முன் அச்சின் நடுவே ஸ்டியரிங் தண்டுகளை இணைக்கும் மடங்குபிடியும், சக்கர முனைகளில் உள்ள கிங்பின் பேரிங்குகளும் ஜீப்பில் விரைவில் தேய்வன. இவை தளர்ந்தால் சிறு பள்ளத்தில் விழுந்தவுடன் முன்சக்கரங்கள் நடுநடுங்கும். பெரிய டயரோ புதிய ஷாக் அப்சார்பரோ போட்டு அந்நடுக்கத்தை மறைப்பது, காய்ச்சலுக்கு மருந்துண்ணாது போர்வை போர்த்துக்கொள்வது போலாம்.

ஒளியும் எஞ்சினும்

முற்காலத்து ஜீப்புகள் 6 வோல்ட் மின்சாரத்தால் இயங்கின. 45 வாட் விளக்கு 6 வோல்ட்டில் 7.5 ஆம்பியர் இழுக்கும்; 12 வோல்ட்டில் 3.75 ஆம்பியரே போதும். மின்னோட்டம் பாதியானால் அதே கம்பியில் வெப்பமாய் வீணாவது நான்கிலொன்றாகக் குறையும் என்பது இயற்பியல் பயின்றார் அறிந்ததே. ஆதலின் 12 வோல்ட்டுக்கு மாற்றுவது நன்று. ஆயின் பல்புகள், இக்னிஷன் காயில், டைனமோ முதலியவற்றையும் உடன் மாற்றவேண்டும். ஒவ்வொரு வழிக்கும் தனித்தனிப் பியூஸ் இடுக.

எஞ்சின் வலியிழந்ததாயின் உடனே பிரித்துவிடாமல், ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்து பார்க்க. குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மீண்டும் அளக்கும்போது அழுத்தம் உயர்ந்தால் குறை பிஸ்டன் ரிங்குகளில் உள்ளது; உயராவிடில் பெரும்பாலும் வால்வுகளில் உள்ளது. ஒரு கரண்டி எண்ணெய் பல நாள் வேலையை மிச்சப்படுத்துதல் காண்க. மேலும், 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2025இல் நாடெங்கும் பரவிவிட்டது. பழைய ரப்பர்க் குழாய்கள் எத்தனாலைத் தாங்கா. ஆதலின் அதற்கேற்ற குழாய்களையே இடுக.

மேம்படுத்துதல்

பழுதுகள் யாவும் தீர்ந்த பின்னரே மேம்பாட்டை எண்ணுதல் முறை. ஒன்றை மாற்றினால் அது பிறிதொன்றையும் மாற்றும் என்பதற்கு டயரே சான்று. 28 அங்குல விட்டமுள்ள டயரை நீக்கி 31 அங்குல டயரைப் பூட்டினோம் என்க. சக்கரம் ஒருமுறை சுழல வண்டி முன்னையினும் 11 சதவீதம் மிகுதியாகச் செல்லும். ஸ்பீடோமீட்டர் 50 காட்டும்போது உண்மையான வேகம் 55ஐக் கடந்திருக்கும். 5.38 என்னும் அச்சுக் கியர் விகிதம் 4.86 ஆனாற் போன்று ஏறும் வலி குறையும். பிரேக் டிரம் பழையதே ஆகலின், அதே மிதியழுத்தத்திற்குத் தரையிற் கிடைக்கும் தடுப்பு விசை ஏறத்தாழப் பத்திலொரு பங்கு குறையும். தோற்றத்திற்காகச் செய்த ஒரு மாற்றம் ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒருங்கே கெடுத்தது.

ஆகவே ஒருகாலத்தில் ஒரு மாற்றமே செய்க. செய்தபின் பழகிய பாதையில் மெதுவாக ஓட்டிப் பார்த்துப் புத்தகத்தில் எழுதுக. ஒரே நாளில் மூன்று உறுப்புகளை மாற்றியவர், புதியதோர் ஓசை எழுந்தால் அஃது எதனால் வந்தது என்று அறியமாட்டார்.

சட்டத்தையும் மறத்தலாகாது. தயாரித்தோர் குறித்த விவரங்களினின்று வண்டி வேறுபடுமாறு மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கின்றது. எஞ்சினையோ உடலமைப்பையோ மாற்ற எண்ணுவோர், பணம் செலவிடுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற் கேட்டறிக. சொந்த உபயோகத்துக்குரிய வண்டியின் பதிவு 15 ஆண்டு நிறைந்தபின் ஆய்வு செய்து புதுப்பிக்கப்படவேண்டும். அவ்வாய்வைத் தொல்லையெனக் கருதாது, நம் வேலையைப் பிறர் கண்கொண்டு சோதிக்கும் வாய்ப்பெனக் கொள்க.

முடிவுரை

மாணவ நண்பர்காள்! வகுப்பறையில் விசை, வெப்பம், மின்சாரம் எனத் தனித்தனியே பயில்வன யாவும் ஒரு பழைய வண்டியின் அடியில் ஒன்றாய்க் கூடி நிற்கின்றன. சட்டம், பிரேக், ஸ்டியரிங், ஒளி, எஞ்சின், இவற்றிற்குப் பின் மேம்பாடு என்னும் இவ்வரிசையைக் கைக்கொண்டால், பொருள் சிறிதாயினும் வேலை முடிவுபெறும். ஓராண்டில் முடியாதது மூன்றாண்டில் முடியலாம், அதனால் குறைவில்லை. மலையிறக்கத்தில், பின்னிருக்கையில் அமர்ந்தோர் தமக்குள் பேசிக்கொண்டே வர, ஓட்டுநர் மிதியை அழுத்தியவுடன் வண்டி அமைதியாய் நிற்குமாயின், அதுவே அவ்வேலைக்குத் தக்க நற்சான்று.