பூட் மெனுவில் விண்டோஸ் காணோமா? லினக்ஸ் இரண்டாகத் தெரிகிறதா?

"அண்ணே, விண்டோஸைக் காணோம்ணே. படமெல்லாம் போச்சா?"

வலையபட்டியில் எங்கள் வீட்டு முகப்புத் திண்ணையில் மடிக்கணினியை வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுத் தங்கச்சி கேட்ட கேள்வி இது. பள்ளியில் அரசு கொடுத்த மடிக்கணினி. அதில் இருந்த போஸ் லினக்ஸை எடுத்துவிட்டு அவள் அண்ணன் டெபியன் 12 போட்டிருந்தான். திறந்தால், எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் பூட் மெனுவில் டெபியன் பெயரில் இரண்டு வரி இருந்தது, விண்டோஸ் என்ற சொல்லே இல்லை. அரை மணி நேரத்தில் அந்த வரி திரும்ப வந்தது. படங்கள் வைத்த இடத்திலேயே இருந்தன.

2011 செப்டம்பர் 15-இல் திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம்தான் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு இந்த மெனுவை முதன்முதலாகக் காட்டியது. விண்டோஸும் போஸ் லினக்ஸும் ஒரே வட்டில் சேர்ந்து வந்தன. போஸ் என்பது சீ-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. இப்போது 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவும் முடிந்துவிட்டது. பழைய கணினியில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸ் போடுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். மெனுவில் ஒரு வரி காணாமல் போவதும் ஒரே பெயர் இரண்டு முறை வருவதும் இனி பல வீடுகளில் நடக்கும். அப்போது பயன்படும் குறிப்புகள் இவை.

1. முதல் வேலை, யாரையும் ஃபார்மட் செய்ய விடாதீர்கள். எங்கள் ஊர்ப் பெரிய வீடுகளில் வளவு என்னும் நடு முற்றத்தைச் சுற்றிப் புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, ஒன்றாக அறை இருக்கும். சாவிக் கொத்தில் ஒரு சாவி காணவில்லை என்றால் அறையே இடிந்து போயிற்று என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பூட் மெனு என்பது அந்தச் சாவிக் கொத்துதான். எங்கள் வீட்டிலேயே ஒருமுறை, மெனுவில் விண்டோஸ் வரவில்லை என்று ஒரு கடையில் கொடுத்தோம். வட்டை முழுக்க அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஐயாவின் சாந்திக் கல்யாணப் படங்கள் அத்தோடு போயின. அந்த வருத்தம் இன்றைக்கும் தீரவில்லை.

2. எதையும் தொடுவதற்கு முன் மெனு திரையை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் போன்ற பிற இயங்குதளத்தின் ஒவ்வொரு வரி முடிவிலும் எஸ்டிஏ1, எஸ்டிஏ2 என்பதுபோல ஒரு குறி இருக்கும். அந்த வரி வட்டின் எந்தப் பகுதியைத் திறக்கிறது என்பதற்கான அடையாளம் அது. இரட்டையைப் பிரித்தறிய அதுவே போதும்.

3. கீழே வரும் கட்டளைகளை ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். நான் பெரிய எழுத்து என்று சொல்லும் இடம் தவிர மற்றதெல்லாம் சின்ன எழுத்து. முதலில் 'எல்எஸ்பிஎல்கே -எஃப்' கொடுத்துப் பாருங்கள். வட்டில் என்னென்ன பகுதிகள் உள்ளன என்று காட்டும். அதில் என்டிஎஃப்எஸ் என்று ஒரு பகுதி தெரிந்து, '-எஃப்' இல்லாமல் அதே கட்டளை காட்டும் அளவிலும் அது பெரியதாக இருந்தால் விண்டோஸ் பகுதி அங்கேதான் இருக்கிறது, மெனுவில் பெயர் மட்டும்தான் விட்டுப்போயிருக்கிறது. இந்தக் கட்டளை எதையும் மாற்றாது, பயமில்லாமல் எத்தனை முறை வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

4. விண்டோஸ் வரி காணாமல் போவதற்கு இப்போது அதிகம் காரணமாவது இது. மெனுவைக் காட்டும் கிரப் என்ற நிரல், வட்டில் வேறு என்னென்ன இயங்குதளங்கள் இருக்கின்றன என்று ஓஎஸ்-புரோபர் என்ற துணை நிரலை வைத்துத் தேடும். 2021-இல் வந்த கிரப் 2.06 முதல், பாதுகாப்பு கருதி அந்தத் தேடலை இயல்பிலேயே நிறுத்தி வைத்துவிட்டார்கள். டெபியன் 12, உபுண்டு 22.04 போட்டவர்கள் பலருக்கு விண்டோஸ் மறைந்தது இதனால்தான்.

ஈடிசி அடைவு, அதற்குள் டிஃபால்ட் அடைவு, அதற்குள் கிரப் என்ற கோப்பு. அதை 'சூடோ நானோ' கொடுத்துத் திறங்கள். 'கிரப் டிஸேபிள் ஓஎஸ் புரோபர்' என்று பெரிய எழுத்தில், சொற்களுக்கு நடுவே அடிக்கோடு போட்டு ஒரு வரி இருக்கும். அது சமக்குறியோடு 'ஃபால்ஸ்' என்று முடியும். வரியின் தொடக்கத்தில் உள்ள # குறியை மட்டும் அழியுங்கள். அந்த வரியே இல்லாவிட்டால் # இல்லாமல் நீங்களே சேருங்கள். கன்ட்ரோல்-ஓ, என்டர், கன்ட்ரோல்-எக்ஸ். பிறகு 'சூடோ அப்டேட்-கிரப்'. டெபியனில் சூடோ ஏற்காவிட்டால் 'எஸ்யு -' என்று கொடுத்து ரூட் கடவுச்சொல்லோடு உள்ளே போய், சூடோ என்ற சொல் இல்லாமல் அதே கட்டளைகளைக் கொடுங்கள்.

தங்கச்சியின் கணினியில் இதைத்தான் செய்தோம். கட்டளை கொடுத்ததும் சில நொடிகள் கர்சர் மட்டும் துடித்தது. பிறகு 'ஃபவுண்ட் விண்டோஸ் 7' என்று ஒரு வரி வந்தது. "இருக்குண்ணே!" என்று அவள் போட்ட சத்தத்தில் உள்கட்டிலிருந்து ஆச்சி எழுந்து வந்துவிட்டார்கள்.

5. அப்படிச் செய்தும் வரவில்லையா? விண்டோஸ் முழுதாக அணையாமல் அரைத்தூக்கத்தில் இருக்கலாம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுதாக அணைவதில்லை. லினக்ஸால் அந்தப் பகுதியைச் சரியாகத் திறந்து பார்க்கவும் முடியாது. கணினி தொடங்கும்போது எஃப்12 போன்ற விசை வழியாக விண்டோஸுக்குள் போக முடிந்தால், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் சொடுக்குங்கள். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய் அந்த வசதியையே எடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

6. மெனுவே வராமல் நேராக லினக்ஸ் திறந்தால் மெனு ஒளிந்திருக்கிறது. பழைய கணினியில் ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொள்ளுங்கள், யுஇஎஃப்ஐ உள்ள புதியதில் எஸ்கேப் விசையைத் தட்டுங்கள். நேராக விண்டோஸ் திறந்தால் அது வேறு கதை. பயாஸில் பூட் ஆர்டர் மாறி விண்டோஸ் முதலிடத்துக்கு வந்திருக்கும். பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு இப்படி நடப்பதுண்டு. பூட் ஆர்டரில் லினக்ஸின் பெயரை மேலே நகர்த்தினால் போதும்.

7. இரட்டையாகத் தெரிவதெல்லாம் இரட்டை இல்லை. 'டெபியன்' என்று ஒரு வரியும், 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் ஃபார் டெபியன்' என்று இன்னொரு வரியும் இருப்பது முறையானதுதான். இரண்டாவதற்குள் கெர்னலின் பழைய பதிப்புகள் இருக்கும். அவை ஏழெட்டாகச் சேர்ந்துவிட்டால் 'சூடோ ஏபிடி ஆட்டோரிமூவ்' கொடுங்கள். வேண்டாததை அதுவே பார்த்து எடுக்கும். கோப்புகளை நீங்களாகக் கையால் அழிக்காதீர்கள். ஒரு பழைய கெர்னலாவது கட்டாயம் இருக்கட்டும், காரணம் 12-ஆம் குறிப்பில்.

8. விண்டோஸ் இரண்டு முறை தெரிந்தால் கவனமாக இருங்கள். ஒன்று உண்மையான விண்டோஸ், மற்றொன்று பெரும்பாலும் கணினி செய்தவர்கள் வைத்த ரெக்கவரி பகுதி. அதைத் தெரியாமல் திறந்து, கேட்கிற கேள்விக்கெல்லாம் சரி, சரி என்று கொடுத்துக்கொண்டே போனால், கணினியை வாங்கிய நாள் நிலைக்குக் கொண்டுபோய் உங்கள் கோப்புகளை அழித்துவிடக்கூடும். குழந்தைகள் பயன்படுத்தும் கணினி என்றால் அந்த வரியை மெனுவிலிருந்து மறைத்துவிடுங்கள். 4-ஆம் குறிப்பில் சொன்ன அதே கோப்பில் 'கிரப் ஓஎஸ் புரோபர் ஸ்கிப் லிஸ்ட்' என்று பெரிய எழுத்தில், அடிக்கோடுகளுடன் ஒரு வரி சேர்க்க வேண்டும். சமக்குறிக்குப் பின் மேற்கோள் குறிக்குள் அந்தப் பகுதியின் யுயுஐடி எண், @ குறி, பகுதியின் முழுப் பாதை. எண்ணை 'எல்எஸ்பிஎல்கே -எஃப்' காட்டும். பிறகு அப்டேட்-கிரப். ரெக்கவரி பகுதியையே அழிக்க வேண்டாம், ஒருநாள் தேவைப்படும்.

9. அப்டேட்-கிரப் கொடுக்கும் நேரத்தில் பென்டிரைவையோ வெளி வட்டையோ செருகி வைத்திருந்தால், அதிலுள்ள இயங்குதளமும் மெனுவில் ஏறிக்கொள்ளும். பிறகு அதைப் பிடுங்கியதும் அந்த வரி எங்கும் போகாத வரி ஆகிவிடும். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இன்னொரு முறை அதே கட்டளையைக் கொடுங்கள். இதற்கு நேர்மாறாக, பென்டிரைவ் செருகினால் மட்டுமே கணினி திறக்கிறது என்று சிலர் வருவார்கள். லினக்ஸ் போடும்போது கிரப்பை வட்டில் வைக்காமல் பென்டிரைவிலேயே வைத்துவிட்டார்கள் என்று பொருள். அந்த பென்டிரைவோடு லினக்ஸைத் திறந்து, 'சூடோ கிரப்-இன்ஸ்டால்' என்பதோடு உள்வட்டின் பெயரைச் சேர்த்துக் கொடுத்தால் சரியாகும். பெயரை எல்எஸ்பிஎல்கே காட்டும் அளவோடு ஒப்பிட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

10. லினக்ஸை எடுத்துப் பல நாள் ஆகியும் எஃப்12 பட்டியலில் 'உபுண்டு' என்று காட்டுகிறதே என்பார்கள். யுஇஎஃப்ஐ கணினிகளில் அந்தப் பெயர்கள் வட்டில் இல்லை, தாய்ப்பலகையின் நினைவகத்தில் இருக்கின்றன. நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓடும் லைவ் லினக்ஸில் 'சூடோ எஃபிபூட்எம்ஜிஆர்' கொடுத்தால் நான்கு இலக்க எண்களுடன் பட்டியல் வரும். 0003 போக வேண்டும் என்றால், அதே கட்டளையோடு சின்ன எழுத்து '-பி 0003', பெரிய எழுத்து '-பி'. எண்ணை இரண்டு முறை சரிபாருங்கள். 'யுஇஎஃப்ஐ ஓஎஸ்' என்று ஒன்று இருந்து, அழிக்க அழிக்கத் திரும்ப வந்தால் விட்டுவிடுங்கள். சில தாய்ப்பலகைகள் தாமாகவே அதை எழுதிக்கொள்ளும், அதனால் கெடுதல் இல்லை.

11. அரசு மடிக்கணினிகளில் நான் அதிகம் பார்த்தது இதுதான். இடம் பத்தவில்லை என்று விண்டோஸிலிருந்தே போஸ் பகுதியை அழித்துவிடுவார்கள். மறுநாள் திறந்தால் 'நோ சச் பார்ட்டிஷன்', அதன்கீழ் 'கிரப் ரெஸ்க்யூ'. கறுப்புத் திரையில் மூன்றே வரி, பார்த்தவுடன் வயிறு கலங்கும். நடந்தது இவ்வளவுதான்: கிரப்பின் வாசல்படி வட்டின் தொடக்கத்தில் இருக்கிறது, வீட்டின் மற்ற பகுதி லினக்ஸ் பகுதிக்குள் இருந்தது. வீட்டை எடுத்துவிட்டு வாசல்படியை மட்டும் விட்டுவிட்டோம். விண்டோஸ் அதன் பகுதியில் அப்படியே இருக்கிறது.

விண்டோஸ் நிறுவும் டிவிடி அல்லது பென்டிரைவில் திறந்து, இன்ஸ்டால் என்பதைத் தொடாமல், ரிப்பேர் வழியாக கமாண்ட் பிராம்ப்ட் போங்கள். 'பூட்ரெக்', ஓர் இடைவெளி, சாய்கோடு, 'ஃபிக்ஸ்எம்பிஆர்'. கணினியை மறுபடி இயக்கினால் விண்டோஸ் திறக்கும். இது பழைய லெகசி முறைக் கணினிகளுக்கு. அழிப்பதற்கு முந்தின நாளே இதைச் செய்து, பிறகு லினக்ஸ் பகுதியை அழித்தால் அந்தக் கறுப்புத் திரையே வராது.

12. கெர்னல் அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால், மெனுவில் புதிய வரி இருந்தும் அது திறக்காமல் போகலாம். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே போனதும் 'சூடோ டிபிகேஜி', ஓர் இடைவெளி, இரண்டு சிறுகோடு சேர்த்து 'கன்ஃபிகர்', ஓர் இடைவெளி, '-ஏ'. பாதியில் நின்ற வேலை முடியும். மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் யுபிஎஸ் இல்லாமல் அப்டேட் போட வேண்டாம்.

13. விண்டோஸ் யுஇஎஃப்ஐ முறையிலும் லினக்ஸ் லெகசி முறையிலும் போடப்பட்டிருந்தால், ஒன்றின் மெனுவிலிருந்து மற்றொன்றைத் திறக்க முடியாது. லினக்ஸில் 'சிஸ்' அடைவு, 'ஃபர்ம்வேர்' அடைவு, அதற்குள் 'எஃபி' என்று ஓர் அடைவு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் யுஇஎஃப்ஐ முறை, இல்லாவிட்டால் லெகசி. முறை மாறியிருந்தால் விண்டோஸ் இருக்கும் முறையிலேயே லினக்ஸை மறுபடி நிறுவுவதே எளிது.

14. மேசைக் கணினியில் பூட் ஆர்டர் அடிக்கடி தானாக மாறினால் தாய்ப்பலகையின் பேட்டரியைப் பாருங்கள். சிஆர்2032 என்று கேட்டு வாங்குங்கள். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம், பெயரே அளவைச் சொல்லும். கடிகாரம் பல ஆண்டு பின்னே போயிருந்தால் பேட்டரி தீர்ந்துவிட்டது. சரியாக ஐந்தரை மணி நேரம் மட்டும் வித்தியாசம் காட்டினால் பேட்டரி நன்றாக இருக்கிறது. கணினியின் கடிகாரத்தை லினக்ஸ் உலக நேரமாகவும் விண்டோஸ் இந்திய நேரமாகவும் வைத்துக்கொள்வதால் வரும் வேறுபாடு அது.

15. 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பின் பல கணினிகளில் லினக்ஸ் வரி இருந்தும் திறக்கவில்லை. 'எஸ்பேட்' என்ற சொல்லோடு ஒரு பிழைச் செய்தி வந்து கணினி அணைந்துவிடும். பயாஸில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து லினக்ஸைத் திறந்து, எல்லா அப்டேட்டும் போட்டபின் செக்யூர் பூட்டை மறுபடி இயக்குங்கள். ஆனால் பிட்லாக்கர் உள்ள கணினி என்றால், பயாஸில் கை வைப்பதற்கு முன்பே அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாவிட்டால் கோப்புகள் வட்டில் இருந்தும் உங்களுக்குத் திறக்காது.

16. நல்ல நிலையில் இருக்கும்போதே 'எல்எஸ்பிஎல்கே -எஃப்' காட்டுவதை ஒரு தாளில் எழுதி, எது விண்டோஸ், எது ரெக்கவரி, எது லினக்ஸ் என்று பக்கத்தில் குறித்து, தேதி போட்டு வையுங்கள். கூடவே லைவ் லினக்ஸ் உள்ள பென்டிரைவ் ஒன்று. இரண்டையும் ஓர் உறையில் போட்டு, வீட்டுப் பத்திரம் வைக்கும் பீரோவில் வைத்திருக்கிறோம். கணினிப் பையில் வைத்தால் கணினியோடு அதுவும் ஊர் ஊராகப் போய்விடுகிறது.