உமறுப் புலவரைத் தேடி: இலக்கியப் பயணம் திட்டமிடுவோர்க்குச் சில குறிப்புகள்

இலக்கியச் சுற்றுலா நம் துறைகளில் ஆண்டுதோறும் நிகழ்வதே. பேருந்து புறப்படும், அடக்கத்தலத்தில் ஃபாத்திஹா ஓதப்படும், நிழற்படம் எடுக்கப்படும், இரவுக்குள் திரும்பிவிடுவோம். சில ஆண்டுகட்கு முன் யானும் அவ்வண்ணமே மாணாக்கரை எட்டையபுரத்திற்கும் கீழக்கரைக்கும் அழைத்துச் சென்றேன். கீழக்கரைப் பழைய ஜும்ஆப் பள்ளி வளாகத்தில், வள்ளல் சீதக்காதியின் அடக்கத்தலத்தருகே நின்று, அவர் உமறுப் புலவரை ஆதரித்த வரலாற்றை விரித்துரைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர், "ஐயா, சீறாப்புராணத்தில் இவரைப் புகழ்ந்த பாட்டு எது?" என்று வினவினார். என்னால் விடை கூற இயலவில்லை.

ஊர் திரும்பியதும் நூலைப் படலம் படலமாகப் புரட்டினேன். உமறு நன்றியோடு நினைந்து பாடும் வள்ளல் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரே. கம்பர் சடையப்ப வள்ளலைப் பாடியதுபோல் அவரைப் பல இடங்களில் வைத்துப் பாடுகிறார். சீதக்காதியின் பெயர் அங்கு இல்லை. நூலியற்றத் தூண்டியவர் சீதக்காதியே என்றும், அவர் மறைவுக்குப் பின் அபுல் காசிம் பொறுப்பேற்றார் என்றும் வழிவழியாகக் கூறப்படுகிறது. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் நூல் கூறுவது எது, ஊர் கூறுவது எது என்று பிரித்துணராமல் பயணம் போவது கல்வியாகாது. நூலே பெயர் சொல்லும் பரங்கிப்பேட்டையை நாம் விட்டுவிட்டோம். தொலைவு என்பதே காரணம்.

எனவே அடுத்த பயணம் புலவர்தம் வாழ்வின் வரிசையில் அமைதல் வேண்டும் என்பது என் கருத்து. அவர் காலம் 1642 முதல் 1703 வரை எனப் பொதுவாகக் குறிக்கப்படுகிறது. பிறப்பிடம் கீழக்கரை என்பாரும் நாகலாபுரம் என்பாரும் உளர். இவ்வழக்கைத் தீர்க்க நாம் புறப்படவில்லை. கல்வி பெற்ற இடமான எட்டையபுரத்தில் தொடங்கலாம். இரயிலில் வருவோர் கோவில்பட்டியில் இறங்குதல் எளிது. கடிகைமுத்துப் புலவரிடம் பாடங்கேட்டு, அரசவைப் புலவராய் அவர் விளங்கிய ஊர் இது. இந்து ஆசிரியர், முஸ்லிம் மாணாக்கர், ஜமீன் அவை என்ற இம்மூன்றையும் அங்கேயே விளக்கிவிட வேண்டும். அடக்கத்தலத்தை அன்று காணற்க. அது கடைசி நாளுக்கு உரியது.

அங்கிருந்து கீழக்கரை. தூண்களையும் கல் வேலைப்பாட்டையும் பொறுமையாகக் காண அரை நாளாவது வேண்டும். திராவிடக் கட்டடக் கலையில் அமைந்த பள்ளிவாசல் அது. அரபு நாட்டு வரலாற்றைத் தமிழ்க் காப்பிய மரபில் பாடிய சீறாவுக்கு அதனினும் பொருத்தமான விளக்கவுரை வேறில்லை. அப்பள்ளியருகே சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களின் அடக்கத்தலமும் உளது. உமறு முதலில் அவர்களிடம் உரை கேட்கச் சென்றபோது மறுக்கப்பட்டார் என்றும், பின்னர்க் கனவில் பணிக்கப்பட்டு ஏற்கப்பட்டார் என்றும் கூறுவர். இதனை வாய்மொழி மரபு என்றே மாணாக்கர் எழுதட்டும். வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிர்த்து, ஜமாஅத்தார்க்கு முன்கூட்டியே மடல் எழுதுதல் நலம். மாணவியர் எவ்விடம்வரை செல்லலாம் என்பதையும் பிற சமய மாணாக்கர் வருவதையும் அம்மடலிலேயே கேட்டுத் தெளிக. வாயிலில் நின்று விவாதிப்பது எவர்க்கும் அழகன்று.

மூன்றாவது பரங்கிப்பேட்டை. இராமநாதபுரத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரு பகல் முழுதும் பேருந்திலேயே கழியும். அப்பொழுதை வீணாக்க வேண்டா. காவிரிப் படுகை வயல்கள் தோன்றத் தொடங்கியதும் விலாதத்துக் காண்டத்தின் நாட்டுப் படலத்தை ஒருவர் உரக்கப் படிக்கட்டும். பாலைவன நாட்டைப் பாட வந்தவர் மருத வளத்தை ஏன் பாடினார் என்ற வினாவுக்குச் சன்னலோரத்திலேயே விடை கிடைக்கும். வெள்ளாறு கடலொடு கலக்கும் அத்துறைமுக ஊரில் நினைவுச் சின்னம் தேடி அலைய வேண்டா. அபுல் காசிமைப் பாடிய பாடல்களை அங்கே அமர்ந்து படித்தால் போதும். அதற்கெனவே அங்குச் செல்கிறோம்.

மீண்டும் எட்டையபுரம். சீறாப்புராணம் 92 படலங்களும் 5027 பாடல்களும் உடையது. எனினும் பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்வு முழுமையும் அதில் இல்லை. ஹிஜ்றத்துக் காண்டத்தில் நூல் நின்றுவிடுகிறது. எஞ்சிய வரலாற்றைப் பனீ அகுமது மரைக்காயர் சின்னச் சீறாவாகப் பாடினார். சீறா அச்சேறியது 1842இல். செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் ஏடுகளைத் தேடிப் பதிப்பித்தார். புலவர் மறைந்து நூறாண்டுகட்கு மேலும் அந்நூல் ஏட்டிலேயே கிடந்தது என்பதை அடக்கத்தலத்தில் நின்று சொல்லுங்கால் மாணாக்கர் முகம் மாறக் காணலாம். அருகில் அரசு எழுப்பிய மணிமண்டபமும் உளது. அதே ஊரில் பாரதியார் பிறந்த இல்லமும் இருப்பதால் அதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குக.

நான்கு நாள் ஆகும். செலவு கூடும் என்று துறையில் இப்போதே முணுமுணுப்பு எழுந்துள்ளது. இடத்தைக் குறைப்பதைவிட எண்ணிக்கையைக் குறைக்கலாம். ஐம்பதின்மர்க்கு மாறாக இருபதின்மர் போதும். ஒவ்வொருவர் கையிலும் அவ்வவ்விடத்துக்குரிய பாடற்படியும், 'நூல்', 'கல்', 'வாய்மொழி' என மூன்று பத்திகள் இட்ட ஏடும் இருக்கட்டும். புறப்படுமுன் அபுல் காசிம் குறித்த பாடல்களை மாணாக்கரே தேடி எடுத்துவர வேண்டும். அப்பட்டியலைத் தொகுக்கும் பொறுப்பை, அன்று வினவிய அம்மாணவியின் வகுப்பைச் சார்ந்த தங்கை ஒருவர் இப்போதே ஏற்றுக்கொண்டுள்ளார்.