திறந்தவெளிக்கு ஒரு முதல் கேமரா

கடன் மேசையில் அமர்ந்திருப்பவனிடம் வீட்டுக்கும் வாகனத்துக்கும் கடன் கேட்டு வருவோரே பெரும்பாலோர். அண்மையில் ஒரு கேமராவுக்காக என்னிடம் யோசனை கேட்டவள் என் தமக்கையின் மகள். ஒயிட்ஃபீல்டில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. ஞாயிறுதோறும் தோழியருடன் ஹெசரகட்டா ஏரிப்பக்கம் பறவை பார்க்கச் செல்கிறாள். “மாமா, அறுபதாயிரத்துக்கு ஒரு டி.எஸ்.எல்.ஆர். பார்த்து வைத்திருக்கிறேன். மாதம் ஐயாயிரம், பன்னிரண்டு தவணை, வட்டியே கிடையாதாம். வாங்கிவிடட்டுமா?” என்றாள். அவளுடைய முதல் பெரிய செலவு அது. உடனே ஆம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணம், இதே வழியில் நானும் ஒருமுறை சறுக்கியவன்.

பல ஆண்டுகளுக்கு முன், கைக்கு எட்டிய தொகை முழுவதையும் கேமராவின் உடலுக்கே செலவிட்டு, அதனுடன் வந்த 18-55 மி.மீ. லென்சே போதும் என்று எண்ணினேன். ஓய்வுபெற்ற என் தந்தையை ஸ்ரீரங்கப்பட்டணம் அருகிலுள்ள ரங்கனதிட்டுவுக்கு அழைத்துச் சென்றேன். பறவையியலறிஞர் சாலிம் அலியின் பரிந்துரையால் 1940இல் சரணாலயமான காவிரித் தீவுகள் அவை. படகில் அமர்ந்து இருநூறு படம் எடுத்தேன். வீடு திரும்பிக் கணினியில் பார்த்தால், மஞ்சள் மூக்கு நாரைகள் யாவும் மரத்தில் ஒட்டிய வெண்புள்ளிகளாகத் தெரிந்தன. “கண்ணால் பார்த்ததே நன்றாயிருந்தது” என்றார் தந்தை.

தவறு எங்கே என்பதைப் பின்னர்தான் கணக்கிட்டேன். ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமுள்ள நாரை 30 மீட்டர் தொலைவில் நிற்கிறது என்போம். 55 மி.மீ. குவியத்தூரத்தில், சென்சாரின் மீது விழும் அதன் உருவம் 1.8 மி.மீ. மட்டுமே. தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களின் சென்சார் ஏறத்தாழ 15 மி.மீ. உயரம் கொண்டது; ஆக, பறவை படத்தின் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே இடத்தில் 300 மி.மீ. லென்சைப் பொருத்தினால் உருவம் 10 மி.மீ.; படத்தில் மூன்றில் இரண்டு பங்கு. உடல் எத்தனை விலையுயர்ந்ததாயினும் இந்தக் கணக்கு மாறாது. எனவே பறவைக்கும் விலங்குக்கும் கேமரா தேடுவோர் லென்சிலிருந்து தொடங்கி, மிஞ்சிய பணத்தில் உடலைத் தேர்ந்தெடுப்பதே முறை. நந்திமலையின் விடியலையும் லால்பாக் பாறையையும் மட்டும் எடுக்க விரும்புவோருக்கோ அந்த 18-55 லென்சே தாராளம். அவர்கள் மேலும் செலவிடத் தேவையில்லை.

இரண்டாவது சறுக்கல் இன்னும் வருந்தத்தக்கது. பழைய 70-300 லென்ஸ் ஒன்றை மலிவாக வாங்கினேன். பொருத்திப் பார்த்தால் தானாகக் குவியவில்லை. நிக்கானின் டி3000, டி5000 வரிசை உடல்களில் குவியச் செய்யும் மோட்டார் இல்லை. லென்சினுள்ளேயே மோட்டார் இருக்க வேண்டும். விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஏ.எஃப்-எஸ். என்று குறியிட்டவை இவ்வுடல்களில் குவியும்; ஏ.எஃப்-பி. வகை சில பழைய உடல்களில் இயங்காது. கேனானின் இ.எஃப். லென்சுகளில் மோட்டார் உள்ளேயே இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. எதுவாயினும் நம் உடலிலேயே பொருத்திப் பார்க்காமல் பணம் கொடுக்கலாகாது.

இன்று டி.எஸ்.எல்.ஆர். வாங்குவது காலங்கடந்த செயலா என்றும் கேட்கின்றனர். கேனான், நிக்கான் இரண்டும் 2020க்குப் பின் புதிய மாதிரி எதையும் வெளியிடாமல் கண்ணாடியற்ற கேமராக்களின் பக்கம் திரும்பிவிட்டன. அதனாலேயே நல்ல நிலையிலுள்ள பழைய கேமராக்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. திறந்தவெளியில் அவற்றுக்குச் சில தனிச் சிறப்புகளும் உண்டு. உச்சி வெயிலில் திரை மங்கினாலும் கண்ணாடிவழிப் பார்வை மங்குவதில்லை. மின்கலமும் நெடுநேரம் தாங்கும்: 2018இல் வந்த நிக்கான் டி3500 ஒரு மின்னேற்றத்தில் 1,550 படங்கள் எடுக்கும் என்பது நிறுவனத்தின் அளவீடு. எடை மின்கலத்துடன் 415 கிராம். பழையது வாங்குவோர் ஷட்டர் எத்தனை முறை இயங்கியுள்ளது என்பதைக் கட்டாயம் கேட்டறிய வேண்டும். காரின் ஓட்டமானியைப் போன்றது அது.

காட்டுயிர்ப் படக்கலையில் நமக்கு முன்னோடிகளும் குறைவில்லை. எழுத்தாளர் அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன், பல கருவிகளின் உறுப்புகளைச் சேர்த்து அமைத்த தம் கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரிட்டு, கருப்பு வெள்ளையிலேயே யானைகளை எடுத்தார். பெங்களூருவில் வாழ்ந்து 2017இல் மறைந்த டி.என்.ஏ. பெருமாள், பிலிம் காலத்திலேயே உலகப் புகழ் பெற்றவர்.

இனி, என் துறைக்கு வருகிறேன். மாதம் 5,000 வீதம் பன்னிரண்டு தவணை என்பது, ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி என்று கொண்டால், இன்று சுமார் 55,400 ரூபாய்க் கடன் வாங்குவதற்குச் சமம். மீதி 4,600 ரூபாய் வட்டியே. ரொக்கமாக வாங்குபவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய தள்ளுபடி இங்கே வட்டியாக உருமாறுகிறது. கடன் அட்டைத் தவணையாயின் அந்த வட்டிக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி., ஏறத்தாழ 830 ரூபாய், தனியே வரும்; செயலாக்கக் கட்டணமும் சேரலாம். சுழிய வட்டி என்பதே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குத் தெளிவுபடுத்தியுள்ளது. மாறாக, மாதம் 4,000 ரூபாயைத் தொடர் வைப்பில் போட்டு வந்தால், 6.5 விழுக்காட்டில் ஓராண்டு முடிவில் 48,000 ரூபாயுடன் சுமார் 1,700 ரூபாய் வட்டியும் கையில் இருக்கும். கடன் விற்கும் மேசையிலிருந்து இதைச் சொல்வது சற்று விந்தைதான்!

வாங்கியபின் காப்பதும் செலவே. மழை மாதங்களில் கேமராவைத் துணிப்பையோடு அலமாரியில் பூட்டிவைத்தால் லென்சினுள் பூஞ்சை படரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் சில நூறு ரூபாயில் முடியும் காரியம்.

இவற்றையெல்லாம் கேட்ட மருமகள் அன்று எதுவும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை, ஒரு கேமராவையும் 70-300 லென்சையும் இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துவந்தாள். ஞாயிறு காலை ஏழு மணிக்கு லால்பாக் ஏரிக்கரையில் ஒரு மீன்கொத்தியை எடுத்தோம். முதல் பத்துப் படங்களும் கலங்கியிருந்தன. 300 மி.மீ. லென்சுக்கு ஷட்டர் வேகம் நொடியில் ஐந்நூற்றில் ஒரு பங்காவது வேண்டும் என்றேன். ஐ.எஸ்.ஓ.வை 1600க்கு உயர்த்திக்கொண்டாள். பதினோராவது படத்தில் பறவையின் கண் தெளிவாக விழுந்தது. திரும்பும் வழியில், “இதன் எடையை நாள் முழுதும் சுமக்க முடியுமா என்று இன்னொரு வாரம் பார்க்கிறேன், மாமா” என்றாள். திங்களன்று தொடர் வைப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கியிருக்கிறாள், மாதம் நாலாயிரம்.