கதவு ஏன் கிறீச்சிடுகிறது?

நம் விடுதி அறைகளில் உள்ள இரும்பு அலமாரிகளுக்குக் குரல் உண்டு. எந்த அறையில் யார் இன்னும் விழித்திருக்கிறார் என்பதை நடைபாதையில் நின்றபடியே அக்குரலைக் கொண்டு சொல்லிவிடலாம். தேர்வுக் காலத்தில் இது வேடிக்கையாக இருப்பதில்லை. இரவு இரண்டு மணிக்கு ஒருவர் குறிப்பேட்டை எடுக்கக் கதவைத் திறந்தால், காலையில் தேர்வெழுத வேண்டிய அறைத்தோழர் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். இருவருக்கும் மனத்தாங்கல். மறுநாள் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயில் நாலு சொட்டு கீலுக்குப் போகிறது. இரண்டு வாரம் அமைதி. பிறகு அதே குரல், முன்னைவிட உரக்க. இவ்வாறு எண்ணெய் விட்டு ஓய்ந்த அலமாரிகள் சிலவற்றின் கீல்களை நான் கழற்றிப் பார்த்திருக்கிறேன். எண்ணெய் என்பது இந்நோய்க்குக் கடைசியாகக் கொடுக்க வேண்டிய மருந்து; நாமோ அதை முதலில் கொடுத்துவிட்டு, நோயை அடியில் மறைத்து வைக்கிறோம்.

கீல் எளிய பொறி. இரண்டு தகடுகள், ஒன்று கதவிலும் மற்றொன்று சட்டத்திலும் பொருத்தப்பட்டிருக்கும். இரண்டின் ஓரங்களும் சிறு குழல்களாகச் சுருட்டப்பட்டு, இரு கைவிரல்களையும் கோத்தாற்போல ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருக்கும். அக்குழல்களின் ஊடே ஒரு கம்பி செல்கிறது. அதை முளை என்று வைத்துக்கொள்வோம். கதவு திரும்பும்போது குழல் முளையைச் சுற்றி உராய்கிறது. அன்றியும், மேற்குழலின் அடிவாய் கீழ்க்குழலின் மேல்வாயில் அமர்ந்து, கதவின் எடையைத் தாங்கிக்கொண்டே உராய்கிறது. ஆக, தேய்மானம் இரண்டு இடங்களில் நிகழ்கிறது. நம் ஊர்ப் பழைய வீடுகளின் வாயிற்கதவுகளில் கீலே இல்லாதவை உண்டு. கதவின் மரத்திலேயே செதுக்கிய குடுமி, குழியில் நின்று சுழலும். அமைப்பு வேறாயினும் உராய்வு ஒன்றுதான்.

இனி ஒலிக்கு வருவோம். உராய்வு இருந்தால் ஒலி இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. சாணைக்கல் சீராக ஓசையிடும், கீல்போல் கிறீச்சிடுவதில்லை. வேற்றுமை எங்கே? பிரெஞ்சு அறிஞர் அமோந்தோன் 1699-இல், உராய்வு விசை பாரத்துக்கு ஏற்ப வளரும் என்று கண்டு சொன்னார். அவர் நாட்டவரான கூலோம் 1785-இல், நின்ற பொருளை நகரச் செய்வதற்கு வேண்டிய விசையையும், நகரும் பொருளைத் தொடர்ந்து நகர்த்துவதற்கு வேண்டிய விசையையும் விரிவாக ஆராய்ந்தார். முன்னது பெரிது, பின்னது சிறிது. கனமான மேசையைத் தள்ளிப் பார்த்தவர்கள் இதை நூல் இன்றியே அறிவர்.

இந்தச் சிறு வேற்றுமைதான் கிறீச்சொலியின் தாய். கதவை மெல்ல இழுக்கிறோம். முளை உடனே நழுவுவதில்லை, பிடித்துக்கொண்டு நிற்கிறது. இதற்கிடையே தகடும் கதவும் சிறிதளவு வளைந்து, வில்போல விசையைச் சேர்த்துக்கொள்கின்றன. சேர்ந்த விசை பிடியை மிஞ்சியதும் முளை சட்டென நழுவுகிறது. நழுவத் தொடங்கியதும் உராய்வு குறைந்துவிடுவதால், வேண்டியதற்கு மேலேயே ஓடிவிடுகிறது. வில் தளர்ந்து, முளை மீண்டும் பிடித்துக்கொள்கிறது. பிடிப்பதும் நழுவுவதுமாக இது ஒரு நொடியில் பல நூறு முறை நடந்தால், அதுவே காதில் கூரிய ஒலியாக விழுகிறது.

வயலின் வாசிப்பவர்களுக்கு இது புதிதன்று. வில்லின் மயிர் தந்தியைப் பற்றி இழுக்கிறது, தந்தி நழுவித் திரும்புகிறது, மீண்டும் பற்றுகிறது. அந்தப் பிடி வாய்ப்பதற்காகவே வில்லுக்குக் குங்கிலியம் பூசுகிறார்கள். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன், ஒளிச்சிதறல் ஆராய்ச்சியால் உலகப் புகழ் பெறுவதற்குப் பத்தாண்டுகள் முன்னதாக, 1918-இல், வில்லால் இழுக்கப்படும் தந்தியின் அதிர்வைப் பற்றிக் கல்கத்தாவிலிருந்து விரிவான ஆய்வு நூல் ஒன்றை வெளியிட்டார். வயலினும் அலமாரியும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை என்றால் இசைவாணர்கள் கோபித்துக்கொள்ளலாம். ஆனால் ஒப்புமை இத்துடன் நிற்கவில்லை. முளை தனியே அதிர்ந்தால் பெரிதாகக் கேட்காது. வீணைக்குக் குடம் எப்படியோ, அப்படியே முளைக்கு அகன்ற இரும்புத் தகட்டுக் கதவு. பாதி காலியான அலமாரி உரக்க அலறுவதும், கதவின் உட்புறம் தடித்த துணியைச் சேர்த்துப் பிடித்தால் குரல் அடங்குவதும் இதனால்தான்.

இதிலிருந்து உடனே பயன்படக்கூடிய உண்மை ஒன்று கிடைக்கிறது. பிடித்து நழுவும் ஆட்டம் மெதுவான ஓட்டத்தில்தான் மிகுதி. ஓட்டம் ஓரளவு விரைந்துவிட்டால், பிடித்துக்கொள்ள நேரமின்றி முளை வழுக்கிக்கொண்டே போய்விடும். ஆகவே, தோழர் தூங்குகிறாரே என்று இரக்கப்பட்டு அங்குலம் அங்குலமாகக் கதவைத் திறப்பவரே அவரை அதிகம் துன்புறுத்துகிறார். கைப்பிடியைச் சற்று மேல்நோக்கித் தாங்கியபடி, தயங்காமல் ஒரே வீச்சில் திறந்துவிடுங்கள். தாங்குவதால் கீலின் பாரமும் குறைகிறது. இது நோயைத் தீர்க்காது. ஓர் இரவைக் கடத்தும்.

பாரம் என்றேன். இதைக் கணக்காகவே பார்க்கலாம். கதவு 12 கிலோகிராம், அகலம் 45 செண்டிமீட்டர், இரண்டு கீல்களுக்கும் இடையே 120 செண்டிமீட்டர் என்று கொள்வோம். கதவின் எடை அதன் நடுவில், அதாவது கீலிலிருந்து 22.5 செண்டிமீட்டர் தள்ளி, தொங்குகிறது. ஆகவே மேற்கீலைக் கதவு தன்பக்கம் இழுக்கிறது. கீழ்க்கீலைச் சட்டத்தின் பக்கம் தள்ளுகிறது. அந்த விசை ஒவ்வொன்றிலும் 12ஐ 22.5ஆல் பெருக்கி 120ஆல் வகுத்தால் வருவது, அதாவது 2.25 கிலோகிராம் எடைக்குச் சமம். இப்போது தில்லிக் குளிர்காலம் வருகிறது. கதவின் வெளி ஓரத்துக் கொக்கியில் கம்பளிக் கோட்டையும் புத்தகப் பையையும் மாட்டுகிறோம். இரண்டும் 4 கிலோகிராம், கீலிலிருந்து 40 செண்டிமீட்டர் தொலைவு என்றால், கூடும் விசை 1.33. கதவு தாங்கும் எடை மூன்றில் ஒரு பங்குதான் கூடிற்று. பக்கவாட்டு இழுப்போ பாதிக்கு மேல் கூடிவிட்டது. அமோந்தோன் விதிப்படி உராய்வும் உடன் வளரும். குளிர்காலத்தில் கதவு கத்தினால் முதலில் பார்க்க வேண்டியது கொக்கியை. இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

அடுத்தது தரை. அலமாரியின் நான்கு கால்களும் ஒரே மட்டத்தில் நிற்காவிட்டால் பெட்டியே சற்றுக் கோணும். மேற்கீலும் கீழ்க்கீலும் ஒரே நேர்க்கோட்டில் நில்லாமல் ஒன்றையொன்று திருகிக்கொள்ளும். நூலின் முனையில் ஒரு சாவிக்கொத்தைக் கட்டி அலமாரியின் ஓரத்தை ஒட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். ஓரமும் நூலும் ஒத்துப் போகாவிட்டால், தாழ்ந்த காலின் கீழ் மடித்த அட்டையையோ மரச்சில்லையோ செருக வேண்டும். பாதி திறந்து விட்ட கதவு தானாகவே ஒரு பக்கம் ஓடினாலும் இதே ஐயந்தான். நான் பார்த்த அலமாரிகளில் இரண்டு, கால் மட்டம் சரியானதும் ஒரு சொட்டு எண்ணெயும் இல்லாமல் வாய் மூடிக்கொண்டன.

வெயிலில் இரும்பு விரிவதால் கீல் இறுகுகிறது என்பார் சிலர். இரண்டு மீட்டர் உயர எஃகுக் கதவு, வெப்பநிலை 35 பாகை உயர்ந்தால், ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவாக நீளும். சட்டமும் எஃகுதான், அதுவும் அதே அளவு நீளும். எனவே அந்தப் பழியைக் கோடையின்மேல் போட வேண்டியதில்லை. மர அலமாரியின் கதை வேறு. மழைக்காலத்து ஈரத்தில் மரம் குறுக்குவாட்டில் பருக்கும். கதவு சட்டத்தில் உரசும். அங்கே கீலைக் குற்றம் சொல்வது வீண்.

எது கத்துகிறது என்று அறிவதும் எளிதே. ஒருவர் கதவை ஆட்ட, மற்றொருவர் ஒவ்வொரு கீலிலும் விரல்நுனியை வைத்துப் பார்த்தால், குற்றவாளி விரலில் துடிப்பான்.

எண்ணெய்க்கு இப்போது வரலாம். நம்மவர் கையில் முதலில் அகப்படுவது தேங்காயெண்ணெய். அது ஏறத்தாழ 24 பாகை செல்சியசில் உறைவது. சென்னையில் அது பெரும்பாலும் எண்ணெய். தில்லியின் சனவரி இரவில் அது மெழுகு. குளித்தபின் குப்பியை வெந்நீரில் வைத்து உருக்குகிறவர்கள், கீலுக்குள் விட்டது மட்டும் உருகியே இருக்கும் என்று நினைப்பது வியப்பு. உறைவதைவிடப் பெரிய கேடும் உண்டு. கடுகெண்ணெய், நல்லெண்ணெய் போன்றவை காற்றிலுள்ள உயிர்வளியை ஏற்றுத் தடித்துப் பிசினாகும் இயல்புடையவை. ஓவியர்கள் ஆளிவிதை எண்ணெயில் வண்ணம் குழைப்பது அது இவ்வாறு காய்ந்து இறுகும் என்பதற்காகவே. தேங்காயெண்ணெயில் இக்குணம் மிகக் குறைவு, கடுகெண்ணெயில் மிகுதி. கழற்றிய முளையில் நான் பழுப்புநிறப் பசையைக் கண்டேன். அதில் தில்லிப் புழுதி ஒட்டி உப்புத்தாள்போல் சொரசொரத்தது. பிசின் பிடியைக் கூட்டுகிறது, புழுதி அராவுகிறது. வில்லுக்குக் குங்கிலியம் பூசிய கதைதான். இரண்டு வார அமைதிக்குப் பின் குரல் ஓங்குவதன் மருமம் இதுவே.

தெளிப்புக் குப்பிகளில் விற்கும் டபிள்யூ-டி-40 என்பதைச் சிலர் கொண்டுவருகின்றனர். அமெரிக்காவில் 1953-இல், உலோகத்தின் மேலுள்ள நீரை விலக்கித் துருவைத் தடுப்பதற்காக நாற்பதாம் முயற்சியில் அமைந்த கலவை என்பதே அப்பெயரின் பொருள். இறுகிய துருவையும் பிசினையும் இளக்க நல்லது. ஆனால் அது விட்டுச் செல்லும் படலம் மெல்லியது. கனமான கதவைத் தாங்கும் கீலுக்கு அதன்மேல் வேறொன்று வேண்டும். என் தேர்வு தையற்பொறி எண்ணெய் அல்லது வாசலின். இரண்டும் மண்ணிலிருந்து எடுக்கும் எண்ணெயின் வகை, எளிதில் பிசினாவதில்லை. கையில் எதுவும் இல்லையெனில் பென்சிலின் கரியை முளையில் தேய்க்கலாம். அதன் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குபவை. புழுதியும் அதிகம் ஒட்டாது.

வேலை செய்யும் முறை இது. கதவின் வெளி ஓரத்தின் அடியில் புத்தகங்களை அடுக்கி, கதவின் எடையை அவை தாங்கும்படி செய்யுங்கள். கண்ணாடி பதித்த கதவாயின் துணைக்கு ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். முளை கழலும் வகையாயின் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் எடுக்க வேண்டும்; எல்லாவற்றையும் ஒருமிக்க எடுத்தால் கதவு காலில் விழும். கீழிருந்து ஓர் ஆணியை வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் முளை மேலே எழும்பும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் பிசினைத் துடைத்து, துருவை உப்புத்தாளால் தேய்த்து, குழலின் உட்புறத்தையும் துணித்திரியால் துடைக்க வேண்டும். சன்னல் திறந்திருக்கட்டும், அருகே அடுப்போ சிகரெட்டோ கூடாது. முளையை உருட்டிப் பார்த்து, வளைந்திருந்தால் நேராக்கலாம். பிறகு வாசலினை மிக மெல்லியதாகப் பூசிச் செருகுங்கள். வழிந்ததை உடனே துடைத்துவிட வேண்டும். வெளியே நிற்கும் எண்ணெய் புழுதிக்கு அழைப்பு.

முளை கழலாதபடி அடைத்துச் செய்த இரும்புக் கீல்களும் உண்டு. அவற்றுக்கு இளக்கும் எண்ணெயை மேல்வாயில் விட்டு, கதவை இருபது முப்பது முறை ஆட்டி, வெளிவரும் கருப்பு நீரைத் துடைத்துக்கொண்டே இருங்கள். தெளிந்த எண்ணெய் வரும்வரை இதைச் செய்தபின் தையற்பொறி எண்ணெய் இரண்டு சொட்டுப் போதும்.

மர அலமாரியில் பெரும்பாலும் திருகாணி தளர்ந்திருக்கும். துளை பெரிதாகி ஆணி பிடிக்கவில்லையென்றால், மருந்து நீக்கிய தீக்குச்சிகளில் மரப்பசை தடவித் துளையில் நெருக்கமாகச் செருகி, காய்ந்தபின் திருகினால் உறுதியாக நிற்கும். இக்காலச் சமையலறை அலமாரிகளில் கதவினுள் 35 மில்லிமீட்டர் வட்டக் குழியில் மறைந்திருக்கும் கீல்களுக்கு முளையைத் தட்டும் வேலையில்லை. அவற்றின் கையில் கதவை இடமும் வலமும், முன்னும் பின்னும் நகர்த்தும் திருகாணிகள் உள்ளன. கதவு எதிலும் உரசாதபடி கால் சுற்றாகத் திருப்பிப் பார்த்து, மூட்டுகளில் ஒவ்வொரு சொட்டு விட்டால் தீரும்.

முளையை அசைத்தால் குழலுக்குள் அது தளர்ந்து ஆடுகிறதா, குழலின் வாய் ஒருபக்கம் தேய்ந்து சாய்ந்திருக்கிறதா? அந்தக் கீலுக்கு எண்ணெய் செலவிடாதீர்கள். மாற்றிவிடுங்கள். கடைக்குப் போகும்போது அளவைத் தாளில் குறித்துக்கொண்டு போவதைக் காட்டிலும் பழைய கீலையே கையில் எடுத்துச் செல்வது நல்லது. திருகாணித் துளைகள் அரை செண்டிமீட்டர் மாறினாலும் கதவில் புதுத்துளை போட வேண்டிவரும்.