உதவி கேட்டவரே தலைமை ஏற்றார்: ஒரு வழிகாட்டி நாய்ப் பள்ளி சொல்லும் பாடம்



தலைமைப் பண்பு என்றாலே ஊக்குநர், பிரதிநிதி கடமைகள், பதிவேடு எழுதுவது, பொறுப்பைச் சுழற்சி முறையில் மாற்றுவது என்று பேசுவோம். இந்த முறை தூர தேசத்துத் தொண்டு நிறுவனம் ஒன்றைப் பற்றிப் படிக்கப் போகிறோம். அமெரிக்காவில் கண் பார்வை இல்லாதவர்களுக்கு நாய்களைப் பழக்கிக் கொடுக்கும் நிறுவனம் அது. பெயர் 'தி சீயிங் ஐ', அதாவது 'பார்க்கும் கண்'. "நாய்க்கும் நம்ம குழுவுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். நம்ம குழுக்களில் இருக்கிற மாற்றுத்திறனாளி சகோதரிகளை நினைத்துக்கொண்டு படியுங்கள், சம்பந்தம் புரியும். படிக்கத் தெரிந்தவர்கள் கூட்டத்தில் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

ஒரு கடிதத்தில் தொடங்கியது

டோரதி யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி சுவிட்சர்லாந்து நாட்டில் பண்ணை வைத்து ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்களை வளர்த்து, போலீஸ் வேலைக்கும் ராணுவ வேலைக்கும் பழக்கி வந்தார். முதல் உலகப் போரில் கண் இழந்த சிப்பாய்களுக்கு வழி காட்ட ஜெர்மனியில் நாய்களைப் பழக்குவதை நேரில் போய்ப் பார்த்தார். அதைப் பற்றி 1927 நவம்பரில் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் கட்டுரை எழுதினார்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலம், நாஷ்வில் நகரத்தில் மாரிஸ் ஃபிராங்க் என்ற இளைஞர் இருந்தார். வயது 19. சின்ன வயதில் ஒரு கண் போனது. 16 வயதில் இன்னொரு கண்ணும் போனது. இன்சூரன்ஸ் பிடிக்கும் வேலை பார்த்தார். கூட்டிக்கொண்டு போக ஒரு பையனைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார். அந்தப் பையன் வந்தால்தான் வெளியே போக முடியும். வராவிட்டால் அன்றைக்கு வேலை கெட்டது.

அப்பா அந்தக் கட்டுரையை வாசித்துக் காட்டினார். ஃபிராங்க் யூஸ்டிஸ் அம்மாவுக்குக் கடிதம் போட்டார். தனக்கு ஒரு நாய் வேண்டும் என்று கேட்டதோடு நிறுத்தவில்லை. எனக்குப் பயிற்சி கொடுங்கள், நான் திரும்பி வந்து என்னைப் போன்ற மற்றவர்களுக்கும் இது கிடைக்க வழி செய்கிறேன் என்று சொன்னார்.

1928 ஏப்ரலில் சுவிட்சர்லாந்து போனார். அங்கே ஒரு பெண் நாயோடு பழகினார். அதற்கு 'பட்டி' என்று பெயர் வைத்தார். அவர்கள் பேச்சில் அதற்குக் கூட்டாளி என்று அர்த்தம். ஜூன் மாதம் நியூயார்க் நகரத்தில் இறங்கியதும், பத்திரிகைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, வண்டிகள் ஓடும் பெரிய சாலையைப் பட்டியோடு கடந்து காட்டினார். யூஸ்டிஸ் அம்மாவுக்கு ஒரே வார்த்தையில் தந்தி அடித்தார்: வெற்றி.

1929 ஜனவரி 29-ல் நாஷ்வில்லில் பள்ளி தொடங்கியது. முதல் வகுப்பில் இரண்டே பேர். 1931-ல் பள்ளி நியூஜெர்சி மாநிலத்துக்கு மாறியது. இன்றைக்கும் அங்கேதான் நடக்கிறது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். யூஸ்டிஸ் அம்மாவிடம் பணம் இருந்தது, நாய் இருந்தது, பழக்கத் தெரிந்த ஆட்களும் இருந்தார்கள். ஆனால் பார்வை இல்லாத ஒருவர் தெருவில் தனியாக நடந்தால் என்னென்ன தடை வரும் என்பது ஃபிராங்குக்குத்தான் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்ததால்தான் அந்த நிறுவனம் நின்றது.

கதவைத் தட்டியவர் யார்?

அந்தக் காலத்தில் ரயிலில் நாயை ஏற்ற மாட்டார்கள். ஹோட்டலில் விட மாட்டார்கள். நாயைச் சரக்குப் பெட்டியில் போட்டுவிட்டால் கண் தெரியாதவர் எப்படி இறங்குவார்? ஃபிராங்க் பட்டியைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பேசினார். ரயில் கம்பெனிக்காரர்களிடமும் அதிகாரிகளிடமும் விளக்கினார். 1935-க்குள் அங்குள்ள ரயில்களில் வழிகாட்டி நாய் எஜமானரோடு கூடவே இருக்கலாம் என்று ஆனது. 1956-க்குள் எல்லா மாநிலங்களிலும் வழிகாட்டி நாயோடு பொது இடங்களுக்குப் போகும் உரிமைக்குச் சட்டம் வந்துவிட்டது. இதற்கு ஏறக்குறைய 30 வருஷம் ஆனது. ஒரு மனு கொடுத்துவிட்டு, பதில் வரவில்லை என்று நாம் உட்கார்ந்துவிடுகிறோமே, அப்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

150 டாலர் பங்கு

இந்தப் பள்ளியில் முதல் நாய்க்கு 150 டாலர் கட்ட வேண்டும். பிறகு வேறு நாய் வாங்கினால் 50 டாலர். முன்னாள் ராணுவத்தினருக்கு 1 டாலர். 1934-லிருந்து இந்தத் தொகையை ஏற்றவே இல்லை. ஒரு நாயை வளர்த்துப் பழக்க உண்மையில் பல்லாயிரம் டாலர் ஆகிறது. மிச்சமெல்லாம் நன்கொடையில் நடக்கிறது. காசில்லை என்று யாரையும் திருப்பி அனுப்புவதும் இல்லை.

"அப்புறம் எதுக்கு அந்த 150 டாலர்? இலவசமாவே கொடுத்துடலாமே" என்று தோன்றும். பங்கு கொடுத்தவர் தலை நிமிர்ந்து கேள்வி கேட்கலாம். பயிற்சி முடிந்ததும் அந்த நாய் அவருக்கே சொந்தமாகிறது. நாம் வாரம் 20 ரூபாயோ 50 ரூபாயோ சேமிப்பு கட்டுவதும் இதே மாதிரிதான். அந்தக் காசு சின்னதுதான். ஆனால் அதைக் கட்டுவதால்தான், "கணக்குப் புத்தகத்தைக் காட்டுங்க" என்று எந்த உறுப்பினரும் கேட்க முடிகிறது.

நாய் எப்போது சொல் கேட்காது?

நாய் தானே வழி கண்டுபிடித்துக் கூட்டிப் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எங்கே போக வேண்டும், எந்த முனையில் திரும்ப வேண்டும் என்பதைப் பார்வை இல்லாதவர்தான் முடிவு செய்கிறார். வண்டிச் சத்தத்தைக் கேட்டு, எப்போது சாலையைக் கடப்பது என்பதையும் அவரே சொல்கிறார். நாய் பள்ளம், படி, கம்பம், எதிரில் வரும் ஆட்கள் இவற்றைப் பார்த்து நடத்துகிறது.

"முன்னால் போ" என்று சொல்லும்போது வண்டி வந்துகொண்டிருந்தால் நாய் நகராது. அப்படியே நின்றுவிடும். இதற்கென்றே அதைப் பழக்குகிறார்கள். சொன்னதையெல்லாம் செய்கிற நாய் இந்த வேலைக்கு ஆகாது. எஜமானரும் அது நின்றால் திட்டாமல், ஏன் நின்றது என்று யோசிக்கப் பழக வேண்டும்.

குழுவிலும் இப்படித்தானே இருக்க வேண்டும்? ஊக்குநர் ஒரு கடனுக்குச் சம்மதம் கேட்கிறார். ஓர் உறுப்பினருக்கு மனசு ஒப்பவில்லை. அவர் "இது வேணாங்க்கா, பழைய கடனே பாக்கி நிக்குது" என்று சொன்னால், அவரை எதிரியாகப் பார்க்கக் கூடாது. வண்டி வருவதை அவர் பார்த்திருக்கலாம்.

தலைவர் நாற்காலிக்கு 77 வருஷம்

ஃபிராங்க் 1956-ல் ஓய்வு பெறும் வரை பள்ளியின் முகமாக இருந்தார். ஆனால் தலைவர் பதவியில் வழிகாட்டி நாயோடு நடக்கும் ஒருவர் உட்கார 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வருஷம்தான் ஜேம்ஸ் குட்ச் தலைவரானார். 16 வயதில் பார்வை இழந்தவர், கம்ப்யூட்டர் படிப்பில் டாக்டர் பட்டம் வாங்கியவர். அதே பள்ளியில் நாய் பெற்ற பழைய மாணவர். 2019 வரை தலைவராக இருந்தார். அவ்வளவு நல்ல நிறுவனத்திலேயே இதற்கு 77 வருஷம் ஆகியிருக்கிறது. நல்ல மனசு இருந்தால் மட்டும் போதாது, இடம் கொடுக்க வேண்டும் என்று முடிவெடுத்துச் செய்ய வேண்டும்.

1975-ல் கலிபோர்னியாவில் பானி பெர்கின் என்ற பெண்மணி, கை கால் இயங்காதவர்களுக்கும் நாய் உதவலாம் என்று தொடங்கினார். கீழே விழுந்ததை எடுத்துத் தருவது, விளக்கு சுவிட்ச் போடுவது போன்ற வேலைகளைப் பழக்கினார். அங்கே முதல் நாயைப் பெற்றவர் சக்கர நாற்காலியில் இருந்த ஓர் இளம்பெண். அவரே அந்த நிறுவனத்தில் சேர்ந்து வேலையும் பார்த்தார்.

நம்ம குழுவில் என்ன நடக்கிறது?

குழுக்களுக்குப் போகும்போது நாங்கள் பார்ப்பதை ஒளிக்காமல் சொல்கிறோம். மாற்றுத்திறனாளி சகோதரியின் பெயர் பட்டியலில் இருக்கிறது. ஆனால் கூட்டம் நடப்பது படி ஏற வேண்டிய மாடியில். பாஸ்புத்தகம் அவர் கையில் இல்லை. சில இடங்களில் அவர் பெயரில் கடன் எடுத்து வேறு யாரோ பயன்படுத்துகிறார்கள். "பாவம், அவளுக்கு என்ன தெரியும்" என்று வேறு சொல்கிறார்கள். நாளைக்குத் தவணை தவறினால் வங்கி நோட்டீஸ் யார் பெயருக்கு வரும்? அந்தப் பாவத்துக்குத்தானே வரும்!

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. மற்றவர்களைப் போலவே அவர்களும் சொத்து வைத்துக்கொள்ளலாம், தங்கள் பணத்தைத் தாங்களே நிர்வகிக்கலாம், வங்கிக் கடன் பெறலாம். இது நாம் இரக்கப்பட்டுக் கொடுப்பது இல்லை, அவர்களுடைய உரிமை.

அடுத்த கூட்டத்தில் கலந்து பேசுங்கள்

1. நம்ம குழுவில் மாற்றுத்திறனாளி உறுப்பினர் எத்தனை பேர்? ஊரில் இன்னும் சேராதவர்கள் யார் யார்?

2. கூட்டம் நடக்கும் இடத்துக்கு அவர்களால் சிரமம் இல்லாமல் வர முடிகிறதா? இடத்தை மாற்ற வேண்டுமா?

3. அவர்கள் பெயரில் இருக்கும் கடன் அவர்களுக்கே பயன்பட்டதா? புத்தகத்தைத் திறந்து, அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

4. காது கேளாத உறுப்பினருக்குத் தீர்மானத்தை யார் புரிய வைக்கிறார்கள்? புரிந்த பிறகுதான் கையெழுத்து வாங்குகிறோமா?

5. அடுத்த முறை ஊக்குநர், பிரதிநிதி பொறுப்பு மாறும்போது அவர்களில் ஒருவர் பெயரையும் எடுப்போமா? அவருக்கு என்ன உதவி இருந்தால் அந்தப் பொறுப்பைச் செய்ய முடியும் என்று அவரிடமே கேளுங்கள்.

ஐந்தாவது கேள்விக்கு மற்றவர்கள் முந்திக்கொண்டு பதில் சொல்ல வேண்டாம். அந்தச் சகோதரி பேசி முடிக்கும் வரை பொறுமையாக இருங்கள். எடுத்த முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, ஒரு நகலைக் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு அனுப்பி வையுங்கள். அடுத்த இதழில் அவற்றைப் பற்றிப் பேசுவோம்.