நம் வட்டாரத்தின் வரைபடத்தில் நமக்கும் பங்கு உண்டு

ஆலய ஆண்டு மலரில் நகரத் திட்டமிடல் பற்றி ஒரு கட்டுரையா என்று மெய்யன்பர்கள் சிலர் புருவம் உயர்த்தக்கூடும். திருவிழா, திருப்பணி, நன்கொடைப் பட்டியல் ஆகியவற்றுக்கு நடுவே வரைபடத்துக்கும் லாட் எண்ணுக்கும் என்ன வேலை என்று கேட்கலாம். ஆலயம் நிற்பதும் நிலத்தின் மேல்தான். அந்த நிலத்தைச் சுற்றி இருபது ஆண்டுகளில் என்ன வரப்போகிறது என்பதை யாரோ எங்கோ ஒரு மேசையில் கோடு போட்டுத் தீர்மானிக்கிறார்கள். அந்த மேசையருகே நமக்கும் ஓர் இடத்தைச் சட்டம் கொடுத்திருக்கிறது. அது எந்த இடம், எப்போது போய் உட்கார வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சுபாங் ஜெயா என்று நாம் இன்று அழைக்கும் ஊர் முன்பு சீபீல்டு தோட்டம். 1976இல்தான் இங்கே நகரம் எழத் தொடங்கியது. 1980களின் இறுதியில் யூஎஸ்ஜே பகுதியும் வீடுகளாக மாறியது. அதுவரை பால்மரக்காடும், லயத்து வீடுகளும், தோட்டப் பள்ளியும், மரத்தடியில் ஒரு மாரியம்மன் கோயிலும் கொண்ட உலகம் அது. தோட்டத்தை நகரமாக்கும் வரைபடம் வரையப்பட்டபோது பால்வெட்டுத் தொழிலாளியைக் கூப்பிட்டு "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கும் வழக்கம் இல்லை. நிலத்தின் உரிமையாளர், மேம்பாட்டாளர், அரசு அலுவலர் ஆகிய மூவரோடு பேச்சு முடிந்துவிடும். கோயில் நின்ற நிலம் யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்பதைத் தோட்டத்து மக்கள் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தார்கள். 2018 நவம்பரில் யூஎஸ்ஜே 25இல் உள்ள சீபீல்டு மாரியம்மன் ஆலய இடமாற்றத் தகராறு கலவரமாக வெடித்ததையும், அன்று காயமுற்ற தீயணைப்பு வீரர் ஒருவர் மறுமாதம் உயிர்நீத்ததையும் இவ்வூரார் மறக்க முடியாது. அதன் வழக்கு விவரங்களுக்குள் நான் போகவில்லை. நிலம் கைமாறி, வரைபடம் முடிவாகி, நீதிமன்றமும் ஏறிய பிறகு ஒரு சமூகம் வாய் திறந்தால் அது எவ்வளவு கடினமான இடத்தில் நிற்க நேர்கிறது என்பதைக் காட்டவே அதைக் குறிப்பிட்டேன்.

இங்கே ஒரு செய்தியை நினைவில் கொள்ள வேண்டும். நம் நாட்டில் ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தி வைக்கப்பட்டது. 1976ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஆகவே நகராண்மைக் கழக உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. மாநில அரசு நியமிக்கிறது. சுபாங் ஜெயா நகராண்மைக் கழகம் 1997 ஜனவரி முதல் நாள் உருவாகி, 2020 அக்டோபரில் மாநகர் மன்றமாக உயர்ந்தபோதும் இந்த முறை மாறவில்லை. வாக்குச்சீட்டு இல்லாத இடத்தில் குடிமக்களுக்கு மிஞ்சுவது ஆட்சேபக் கடிதமும் விசாரணைக் கூட்டமும்தான்.

சிலாங்கூரில் நடைமுறையில் இருப்பது 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டச் சட்டம். அதன்படி மாநிலம் முழுமைக்கும் ஓர் அமைப்புத் திட்டம் உண்டு. அது பெரும்போக்கைச் சொல்லும். அதற்குக் கீழே ஒவ்வொரு மன்றத்துக்கும் உள்ளூர்த் திட்டம். மலாயில் 'ரஞ்சாங்கான் தெம்பாத்தான்' என்பது இதுதான். இந்த நிலத்தில் வீடு, இந்த நிலத்தில் கடை, இங்கே திடல், இங்கே வழிபாட்டுத் தலம், இங்கே இத்தனை அடர்த்தி என்று லாட் வாரியாக நிறம் தீட்டியிருப்பது இந்தத் திட்டத்தில்தான். தயாரிக்கத் தொடங்கும்போதே மன்றம் அதனைப் பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும். வரைவு முடிந்ததும் காட்சிக்கு வைத்து, நாளேடுகளில் அறிவிப்பு விட்டு, நான்கு வாரத்துக்குக் குறையாத அவகாசம் கொடுத்து எழுத்து மூலமான ஆட்சேபங்களைப் பெற வேண்டும். ஆட்சேபம் தெரிவித்தவர் கேட்டால் விசாரணைக் குழு முன்னிலையில் நேரில் பேசலாம். பிறகே மாநிலத் திட்டக் குழு அங்கீகரித்து, அரசிதழில் வெளிவரும்.

இனி வருவதைப் பலர் அறிவதில்லை. சற்று நிதானமாகப் படியுங்கள். பக்கத்து நிலத்தில் ஒருவர் கட்டடம் எழுப்ப விண்ணப்பித்தால், அண்டை நில உரிமையாளர்களுக்கு மன்றம் அறிவிப்பு அனுப்ப வேண்டும், அவர்கள் 21 நாட்களுக்குள் ஆட்சேபிக்கலாம் என்று சட்டத்தின் 21ஆவது பிரிவு சொல்கிறது. அண்டை நிலம் என்றால் ஒட்டியுள்ள நிலம், அல்லது 20 மீட்டருக்கு மிகாத சாலையோ வாய்க்காலோ மட்டும் இடையில் உள்ள நிலம். முட்டுச்சந்தானால் வழிச்சாலையைப் பகிரும், 200 மீட்டருக்குள் இருக்கும் நிலங்களும் சேரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தக் கட்டாயம் உள்ளூர்த் திட்டம் இன்னும் வராத பகுதிகளுக்கு மட்டுமே! திட்டம் அரசிதழில் வந்துவிட்ட பகுதியில், அண்டை வீட்டாரைக் கேட்டாக வேண்டும் என்று இப்பிரிவு சொல்லவில்லை. "மக்களைத்தான் ஏற்கனவே கேட்டுவிட்டோமே, வரைவுக் காட்சியின்போது நீங்கள் வரவில்லையே" என்பது இதன் உட்பொருள். ஆக, வாசலில் மண்வாரி இயந்திரம் வந்து நிற்கும்போது கூட்டம் கூட்டுவதைவிட, நான்கு வாரக் காட்சி நடக்கும்போது போய் நிற்பதே பயன் தரும். திட்டத்தில் பிற்பாடு மாற்றம் செய்தாலும் இதே சடங்கு மறுபடி நடக்க வேண்டும். மாற்ற அறிவிப்பு சிறியதாக, செய்தித்தாளின் உள்பக்கத்தில் வரும். தமிழ் நாளேட்டை மட்டும் புரட்டுவோர் கண்ணில் அது படாமலே போகலாம்.

இவ்வூர் மக்கள் ஊமைகள் அல்லர். 1999இல் மன்றம் மதிப்பீட்டு வரியை இரு மடங்குக்கும் மேலாக உயர்த்த முனைந்தபோது, குடியிருப்பாளர் சங்கங்கள் கணினி வலையையும் துணைகொண்டு 20,000க்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டின. மன்றம் இறங்கி வந்தது. 2004இல் காவல் நிலையத்துக்கென ஒதுக்கிய நிலத்தில் உணவு அங்காடி எழும்பத் தொடங்கியபோதும் மக்கள் எதிர்த்து நின்றார்கள். அக்காலத்தில் இங்கே தங்கி ஆராய்ந்த ஜான் போஸ்டில் என்னும் மானிடவியலாளர் இவற்றை 2011இல் நூலாகவே எழுதியிருக்கிறார். வரி என்றதும் கூடிய கூட்டம் வரைவுத் திட்டம் என்றால் ஏன் கூடுவதில்லை என்பது எனக்கு விளங்காத புதிர். பணப்பையில் கை வைத்தால்தான் சுருக்கென்கிறது போலும். மற்றொன்றையும் சொல்ல வேண்டும். இத்தகைய சங்கங்களில் தரைவீட்டுச் சொந்தக்காரர் குரலே ஓங்கி ஒலிக்கும். மலிவு விலை அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கும் குடும்பம், தோட்டத்திலிருந்து பெயர்ந்து வந்த குடும்பம் ஆகியவற்றின் கையெழுத்தைத் தேடிப் போனவர் குறைவு.

இதற்குத் தக்க எடுத்துக்காட்டு கோலாலம்பூரின் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் நடந்தது. அங்குள்ள ரிம்பா கியாரா பூங்காவை ஒட்டி, புக்கிட் கியாரா தோட்டத் தொழிலாளர்கள் நீள வீடுகளில் வாழ்ந்து வந்தார்கள். அரசு தோட்டத்தை எடுத்துக்கொண்ட பின், தற்காலிகம் என்று சொல்லி 1980களில் அங்கே குடியமர்த்தப்பட்டவர்கள் நம்மவர்களே. தற்காலிகம் நாற்பது ஆண்டுகள் நீண்டது. 2017 ஜூலையில் மாநகர் மன்றம் ஒரு மேம்பாட்டு ஆணை வழங்கியது. 42 முதல் 54 மாடி வரையிலான எட்டுக் கோபுரங்கள் எழும். கூடவே 350 மலிவு வீடுகள் கொண்ட 29 மாடிக் கட்டடம் ஒன்றும் வரும். நீள வீட்டாருக்கு நிரந்தர வீடு இந்தக் கடைசிக் கட்டடத்தில்தான். சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்கள் பூங்கா பறிபோகிறது என்று வழக்குத் தொடுத்தார்கள். நீள வீட்டு மக்களுள் பலருக்கோ அந்தத் திட்டமே நெடுநாள் கனவு.

2018இல் உயர்நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மேம்பாட்டு ஆணையை ரத்து செய்தது. 2023 ஏப்ரல் 18ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன். அரசிதழில் வந்த அமைப்புத் திட்டம் அந்நிலத்தைப் பூங்காவாகக் காட்டும்போது, காரணம் சொல்லாமல் அதைவிட்டு விலகிச் செல்ல மன்றத்துக்கு உரிமை இல்லை; அண்டையில் வாழ்வோருக்கு வழக்குத் தொடுக்கும் தகுதி உண்டு; முடிவுக்கான காரணத்தை அவர்களுக்குச் சொல்லும் கடமையும் மன்றத்துக்கு உண்டு என்பவை அத்தீர்ப்பின் சாரம். கூட்டரசுப் பிரதேசத்துக்குத் தனிச் சட்டம் இருக்கிறது, சிலாங்கூருக்கு வேறு சட்டம்; ஆயினும் திட்டம் என்பது வெறும் காகிதம் அன்று என்ற கருத்து நம் கைக்கும் வந்து சேர்கிறது.

இந்தத் தீர்ப்பைப் பாராட்டிப் பேசுவோர் பலர். நானும் பாராட்டுகிறேன். என்றாலும் என் மனம் அந்த நீள வீட்டின் திண்ணையிலேயே நிற்கிறது. பூங்காவும் வேண்டும், தொழிலாளிக்கு வீடும் வேண்டும் என்பதில் முரண் எதுவும் இல்லை. கோபுரங்கள் வேண்டாம், இவர்களுக்கான வீடு மட்டும் வரட்டும் என்று இரு தரப்பாரும் தொடக்கத்திலேயே ஒரே மேசையில் உட்கார்ந்து பேசும் ஏற்பாடு இருந்திருந்தால், ஏழைக் குடும்பத்தையும் பூங்காவையும் எதிரெதிரே நிறுத்தும் நிலை வந்திருக்காது.

தமிழர்க்கு இது புதிதா என்றால், உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) இருக்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிந்து, குடவோலை இட்டு, ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று குழு அமைத்துப் பொதுச் சொத்தைப் பேணியது. கணக்குக் காட்டாதவனுக்கு மறுபடி பதவி இல்லை. நம் மேடைகளில் இதைப் பெருமையாகச் சொல்வோம். அந்தச் சபை அந்தணர் ஊர்ச் சபை, நிலம் உள்ளவர்க்கே அதில் இடம், பெண்களுக்கு இல்லை என்பதைச் சொல்லாமல் விடுவோம். ஆயிரம் ஆண்டுக்கு முன்னும் திண்ணைக்கு வெளியே நின்றவர் இருந்தனர்.

இனி வேலைக்கு வருவோம். அறிவிப்பு வந்ததும் மன்ற அலுவலகத்தில் வரைபடத்தைப் பார்த்து, முதலில் உங்கள் வீட்டு லாட்டைக் கண்டுபிடியுங்கள். பிறகு ஆலய லாட், பள்ளி லாட், பிள்ளைகள் விளையாடும் திடல், மழைநீர் ஓடும் வாய்க்கால். ஆலயம் இருக்கும் லாட்டுக்கு வழிபாட்டுத் தல நிறம் தீட்டியிருக்கிறதா, வீடு அல்லது வணிக நிறமா? வேறு நிறமாயின் அன்றே எழுத வேண்டும். ஆனால் நிறம் மாறினால் நிலம் நம்முடையதாகிவிடாது. நிலப் பட்டா என்பது நில அலுவலகத்துக்கும் மாநில அரசுக்கும் உரிய விஷயம். அதற்குத் தனி மனு, தனி வழி. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஏமாந்த ஆலய நிர்வாகங்கள் உண்டு.

கடிதம் தேசிய மொழியில் இருக்கட்டும். பெயர், முகவரி, லாட் எண், வரைபடத்தின் எண், எந்த வாசகத்தை எப்படி மாற்ற வேண்டும், காரணம் என்ன, நேரில் பேச விருப்பமா ஆகியவை போதும். "எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்று எழுதினால் படிப்பவர் மூடி வைத்துவிடுவார். "காலை ஏழு மணிக்கு இந்தச் சந்திப்பில் பள்ளிப் பேருந்து இருபது நிமிடம் நிற்கிறது, இங்கே மேலும் இரண்டு கோபுரம் தாங்காது" என்று எழுதினால் குறித்துக்கொள்வார். நாற்பது பேர் ஒரே படிவத்தில் கையெழுத்திடுவதும் நல்லதுதான். நாற்பது வீட்டார் தத்தம் கண்ணால் கண்டதை நாற்பது கடிதமாக எழுதுவது அதனினும் வலிது. பாட்டிமாரையும் கேளுங்கள். எந்த மழைக்கு எந்தத் தெருவில் முழங்கால் நீர் நின்றது என்பதை அவர்களைப்போல் நினைவில் வைத்திருப்பவர் இல்லை.

நம் ஆலய மண்டபத்தில் வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்குப் பின் அரைமணி நேரம் வட்டார வரைபடத்தை விரித்து வைத்திருக்கிறோம். மலாயில் எழுதத் தயங்குவோருக்கு இளைஞர் பிரிவினர் கடிதம் எழுதித் தருவார்கள். அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்போர் 'எனக்கென்ன சொத்தா இருக்கிறது' என்று ஒதுங்க வேண்டாம். இங்கே வாழும் எவரும் வரைவின்மேல் கருத்து எழுதலாம். வரும்போது வீட்டு வரி ரசீதோ மின்கட்டண ரசீதோ ஒன்றைக் கொண்டு வந்தால் லாட்டைத் தேடுவது எளிதாக இருக்கும்.